அரக்குப் புடவை தக்காளிச் சிவப்பான கதை: போட்டோ எடிட்டிங்குக்கு மானிட்டர் வாங்குவது எப்படி?

திருப்பாதிரிப்புலியூரில் ஒரு கல்யாணம். பெண்ணுக்கு அரக்குக் கலர் பட்டு. என் பழைய லேப்டாப்பில் அந்தப் புடவை காய்ந்த செங்கல் மாதிரி சோகையாகத் தெரிந்தது. சரி, கொஞ்சம் சிவப்பை ஏற்றுவோம் என்று ஏற்றினேன். முகங்கள் பளிச்சென்று தெரிந்ததால் படத்தின் வெளிச்சத்தைக் கொஞ்சம் இறக்கினேன். ஆல்பம் வந்து சேர்ந்தது. புடவை தக்காளிச் சிவப்பு, மாப்பிள்ளை முகம் கரிச்சட்டி. பெண்ணின் அம்மா இரண்டு பக்கம் புரட்டிவிட்டு, “இது எங்க பொண்ணு புடவையே இல்லையேப்பா” என்றார். மொத்த ஆல்பத்தையும் என் காசில் மறுபடி போட்டுக் கொடுத்தேன். லேப்காரர் மேல் தப்பில்லை, நான் அனுப்பியதைத்தான் அவர் அச்சடித்தார். பொய் சொன்னது என் திரை.

அதற்கப்புறம்தான் மானிட்டர் என்றால் என்ன என்று உட்கார்ந்து படித்தேன். புதிதாகக் கேமரா வாங்கிய தம்பிகள் யாரைப் பார்த்தாலும் “அண்ணே, ஃபோர்கே வாங்கவா, கர்வ்டு வாங்கவா?” என்றுதான் ஆரம்பிக்கிறார்கள். அந்தக் கேள்விக்கு முன்னால் கேட்க வேண்டியவை நிறைய இருக்கின்றன. வரிசையாகப் போவோம்.

படி 1: படம் கடைசியில் எங்கே போகிறது?

போனில் பார்ப்பதற்கும் இன்ஸ்டாகிராமுக்கும் மட்டும் என்றால் ஒரு நல்ல ஐபிஎஸ் மானிட்டர் போதும், அடுத்த படியைப் படித்துவிட்டு நேராகக் கடைக்குப் போகலாம். ஆல்பம், பிரேம், கண்காட்சி என்று தாளில் அச்சாகப் போகிறது என்றால் மிச்சத்தையும் படியுங்கள். உங்கள் லேபில் எந்தக் கலர் ஸ்பேஸில், அதாவது எந்த வண்ண எல்லைக்குள், பைல் கேட்கிறார்கள் என்று ஒரு போன் போட்டுக் கேட்டுக்கொள்ளுங்கள். நான் கொடுக்கும் லேப் எஸ்ஆர்ஜிபி ஜேபெக்தான் வாங்குகிறது. இந்த ஒரு பதில் பாதிச் செலவை மிச்சப்படுத்திவிடும், எப்படி என்று மூன்றாவது படியில் சொல்கிறேன்.

படி 2: பேனல்

பேனல் என்பது படத்தைக் காட்டும் திரைத் தகடு. டிஎன், விஏ, ஐபிஎஸ் என்று மூன்று வகை அதிகம் கிடைக்கும். டிஎன் பேனலில் தலையைக் கொஞ்சம் தூக்கினாலே படத்தின் வெளிச்சம் மாறும். எடிட்டிங்குக்கு அது வேண்டவே வேண்டாம். விஏ பேனலில் கருப்பு நல்ல ஆழமாக இருக்கும், சினிமா பார்க்க அருமை. ஆனால் பக்கவாட்டிலிருந்து பார்த்தால் இருண்ட பகுதிகள் வெளுக்கும். மணப்பெண்ணின் பின்னல் நேராகப் பார்த்தால் ஒரு கருப்பு, சாய்ந்து பார்த்தால் இன்னொரு கருப்பு. ஐபிஎஸ் இந்த விஷயத்தில் நிலையாக நிற்கும். இருட்டு அறையில் மூலைகளில் லேசான வெளிச்சம் கசியும்; அது அந்த வகையின் சுபாவம், ரொம்ப அதிகமாக இருந்தால் மட்டும் மாற்றிக் கேளுங்கள். ஓலெட் விலை அதிகம், ஒரே மெனு நாள் முழுக்க ஒரே இடத்தில் நின்றால் தழும்பு விழும் வாய்ப்பும் உண்டு. முதல் மானிட்டருக்கு ஐபிஎஸ்தான் என் கட்சி.

வளைந்த திரையைத் தவிர்த்துவிடுங்கள். பாண்டி ஒயிட் டவுன் கட்டடங்களின் தூண் நேராக இருக்கிறதா சாய்ந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டிய இடத்தில் திரையே வளைந்திருந்தால் எதை நம்புவது? 144 ஹெர்ட்ஸ், 1 மில்லிசெகண்ட் என்ற வேகக் கணக்கெல்லாம் கேம் ஆடுகிறவர்களுக்கு. நம் போட்டோ நகராது.

படி 3: அட்டைப்பெட்டியில் கலர் பற்றிய வரி

இதில்தான் எல்லோரும் ஏமாறுவது. எஸ்ஆர்ஜிபி என்பது எச்பியும் மைக்ரோசாஃப்டும் சேர்ந்து 1996-ல் கொண்டுவந்த வண்ண எல்லை. இணையம், பெரும்பாலான லேப்கள் எல்லாம் இதில்தான் ஓடுகின்றன. 1998-ல் வந்த அடோபி ஆர்ஜிபி இதைவிட அகலம், முக்கியமாகப் பச்சை, நீலப்பச்சைப் பக்கம். பெட்டியில் ‘99% எஸ்ஆர்ஜிபி’ அல்லது ‘100% எஸ்ஆர்ஜிபி’ என்று தெளிவாக இருந்தால் நல்லது.

சில பெட்டிகளில் ‘72% என்டிஎஸ்சி’ என்று இருக்கும். என்டிஎஸ்சி என்பது பழைய டிவி காலத்து வண்ண எல்லை. 72 மார்க்தானா என்று ஒதுக்கிவிடாதீர்கள், பரப்பளவில் அது ஏறக்குறைய முழு எஸ்ஆர்ஜிபிக்குச் சமம். ‘45% என்டிஎஸ்சி’ என்று இருந்தால்தான் ஓட வேண்டும். எஸ்ஆர்ஜிபியில் மூன்றில் இரண்டு பங்கைத்தான் அது காட்டும். என் பழைய லேப்டாப் அந்த ஜாதி. அரக்கு சோகையாகத் தெரிந்ததன் ரகசியம் இதுதான். அது காட்ட முடியாத சிவப்பை நான் படத்தில் திணித்துக்கொண்டிருந்தேன்.

‘கோடிக்கணக்கான வண்ணங்கள்’ என்ற வரியைக் கணக்காகப் பார்த்தால் எளிது. 6 பிட் பேனல் ஒவ்வொரு அடிப்படை நிறத்துக்கும் 64 படிகள் வைத்து சுமார் 2.6 லட்சம் நிறம் காட்டும். மிச்சத்தைப் பிக்சலை மாற்றி மாற்றி மினுக்கிச் சமாளிக்கும். 8 பிட் என்றால் 256 படிகள், சுமார் 1.67 கோடி நிறம். 10 பிட் என்றால் 107 கோடி. தொடங்குகிறவர்களுக்கு உண்மையான 8 பிட் தாராளம்.

அப்புறம் டெல்டா ஈ. காட்ட வேண்டிய நிறத்துக்கும் திரை காட்டும் நிறத்துக்கும் உள்ள இடைவெளியைச் சொல்லும் எண் அது. 2-க்குக் கீழே இருந்தால் சாதாரணக் கண்ணுக்கு வித்தியாசம் பிடிபடுவது கஷ்டம். ஏசூஸ் புரோஆர்ட், டெல் அல்ட்ராஷார்ப், பென்க்யூவின் போட்டோ வரிசை போன்றவற்றில் தொழிற்சாலையிலேயே அளந்து சரிசெய்து அனுப்பும் மாடல்கள் உண்டு.

அகல வண்ண மானிட்டர் வாங்கினால் ஒரு வம்பும் கூடவே வரும். கலர் மேனேஜ்மென்ட் (படத்தின் நிறத்தைத் திரைக்கு ஏற்ப மாற்றிக் காட்டும் வசதி) இல்லாத மென்பொருளில் எஸ்ஆர்ஜிபி படத்தைத் திறந்தால் தோலெல்லாம் மஞ்சள் தேய்த்துக் குளித்த மாதிரி கொழுந்துவிடும். லேப் எஸ்ஆர்ஜிபிதான் கேட்கிறது என்றால் அந்தக் கூடுதல் அகலத்துக்கு இப்போதைக்குக் காசு கொடுக்க வேண்டாம்.

படி 4: அளவும் பிக்சலும்

நம் ஊர் கல்யாண ஆல்பம் பெரும்பாலும் 12க்கு 36 இஞ்ச். 300 டிபிஐ-யில் (இஞ்சுக்கு 300 புள்ளி) ஒரு ஷீட் 10,800க்கு 3,600 பிக்சல். 1920 பிக்சல் அகலத் திரையில் முழு ஷீட்டையும் பார்க்க வேண்டுமென்றால் 18 சதவீதத்துக்குச் சுருங்கும். 2560 அகலத்தில் சுமார் 24 சதவீதம், 3840 அகல ஃபோர்கேயில் சுமார் 36 சதவீதம். கண் மூடியிருக்கிறதா என்று பார்க்கக்கூட ஒவ்வொரு முறையும் பெரிதாக்க வேண்டிய நிலைமை எந்தத் திரையில் வரும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

24 இஞ்சில் ஃபுல் எச்டி (1920க்கு 1080) ஓட்டலாம். 27 இஞ்சில் ஃபுல் எச்டி வேண்டாம், எழுத்து பொரிப்பொரியாகத் தெரியும். 27 இஞ்ச், 2560க்கு 1440 என்பதுதான் விலைக்கும் வசதிக்கும் நடுவில் நன்றாக உட்காருகிறது. ஃபோர்கே வாங்கும் காசில் நல்ல கலர் உள்ள 1440 மானிட்டரும் ஒரு கேலிபரேட்டரில் (திரையின் நிறத்தை அளக்கும் கருவி) பங்கும் கிடைக்கும் என்றால், நான் இரண்டாவதையே எடுப்பேன்.

படி 5: பென்டிரைவோடு கடைக்குப் போங்கள்

கடலூரில் பிடித்த மாடல் கிடைக்கவில்லை என்றால் பாண்டிக்கு பஸ் ஏறுவது எங்களுக்குப் புதிதில்லை, ஒரு மணி நேரத்துக்குள் போய்விடலாம். எங்கே வாங்கினாலும் பென்டிரைவில் நான்கு படம் எடுத்துப் போங்கள். நான் கொண்டு போனவை இவை.

முதல் படம், ஒயிட் டவுனில் வெள்ளைக் கரை போட்ட மஞ்சள் சுவர், மேலே காகிதப்பூக் கொடி. மோசமான திரையில் அந்த மஞ்சள் எலுமிச்சைப் பக்கம் போகும், இல்லையென்றால் ஆரஞ்சுப் பக்கம் சாயும். காகிதப்பூ இன்னும் நல்ல பரீட்சை. இதழின் நரம்பு தெரிய வேண்டும். ஒரே ரோஸ் திட்டாகத் தெரிந்தால் செட்டிங் கொழுப்பேறிக் கிடக்கிறது என்று அர்த்தம். இரண்டாவது, சூரியன் வருவதற்கு முன்னால் கடற்கரைச் சாலைப் பாறைகள். வானம் வழவழவென்று இறங்க வேண்டும். போனில் வழவழப்பாக இருந்த வானம் இங்கே வரிவரியாகப் பட்டை கட்டினால் பேனல் 6 பிட்டா என்று கேளுங்கள். கருப்புப் பாறைகள் தனித்தனியாகப் பிரிந்து தெரிய வேண்டும். மூன்றாவது, கருப்பிலிருந்து வெள்ளை வரை 20 சாம்பல் கட்டங்கள். போட்டோஷாப்பில் ஐந்து நிமிட வேலை. எல்லாக் கட்டமும் எண்ணும்படி இருக்க வேண்டும், எதிலும் பச்சையோ ரோஸோ எட்டிப் பார்க்கக் கூடாது. நான்காவது அந்த அரக்குப் புடவை. கையில் அதே நிறத்தில் ஒரு ரவிக்கைத் துண்டும் கொண்டு போயிருந்தேன். கடைப் பையன் முதலில் சிரித்தான், அப்புறம் அவனே துண்டை வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ப் பார்த்துவிட்டு வந்து “அண்ணே, பக்கத்துல இருக்கறதுதான் ஒத்துப்போகுது” என்றான். ஒத்துப்போனது அவன் முதலில் காட்டியதைவிட விலை குறைந்தது.

கடையில் மானிட்டர் எப்போதும் ‘விவிட்’ மோடில் பளபளக்கும். மெனுவில் போய் ரீசெட் அடித்து, எஸ்ஆர்ஜிபி மோடு வைத்துவிட்டுப் பாருங்கள். அந்த மோடில் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்க முடிகிறதா என்றும் சோதியுங்கள், சில மாடல்களில் பூட்டிவிடுவார்கள். வாங்கும் பெட்டியை அங்கேயே திறந்து வெள்ளை, கருப்பு, சிவப்பு, பச்சை, நீலம் என்று முழுத்திரையில் போட்டுச் செத்த பிக்சல் தேடுங்கள். எத்தனை பிக்சல் செத்தால் மாற்றித் தருவார்கள் என்று பில் போடுவதற்கு முன் கேட்டுவிடுவது நல்லது.

படி 6: வீட்டில் வைக்கும்போது

கேபிள் மாட்டினதும் கிராபிக்ஸ் செட்டிங்ஸில் அவுட்புட் ரேஞ்ச் ‘ஃபுல்’ என்று இருக்கிறதா பாருங்கள். எச்டிஎம்ஐ-யில் சில சமயம் டிவி என்று நினைத்து ‘லிமிடெட்’ ஆகிவிடும், கருப்பெல்லாம் சாம்பலாக வெளுக்கும். நைட் லைட், டைனமிக் கான்ட்ராஸ்ட் இரண்டையும் அணைத்துவிடுங்கள். வெள்ளைப் புள்ளி (வெள்ளை எந்தச் சாயலில் தெரிய வேண்டும் என்பது) 6500 கெல்வின், காமா (நடு வெளிச்சங்களின் ஏற்ற இறக்கம்) 2.2.

அச்சு இருட்டாக வருகிறது என்று புலம்புகிறவர்களில் பெரும்பாலோருக்கு நோய் ஒன்றுதான்: திரை வெளிச்சம் அதிகம். புது மானிட்டர்கள் 250, 300 நிட்ஸ் (திரை வெளிச்சத்தின் அளவு) வரை வெளிச்சம் தரும். அச்சு வேலைக்கு 80 முதல் 120 வரை போதும். கருவி இல்லாதவர்களுக்கு ஒரு கைவைத்தியம் உண்டு. வழக்கமாக வேலை செய்யும் வெளிச்சத்தில், திரைக்குப் பக்கத்தில் ஒரு வெள்ளை ஏ4 தாளைப் பிடியுங்கள். திரையில் காலி வெள்ளைப் பக்கம் திறந்திருக்கட்டும். இரண்டு வெள்ளையும் ஒரே பிரகாசத்துக்கு வரும்வரை வெளிச்சத்தைக் குறையுங்கள். முதல் இரண்டு நாள் மங்கலாகத் தோன்றும், கண் பழகிவிடும்.

சுவரையும் பாருங்கள். என் அறை கிளிப்பச்சை. கண் அந்தப் பச்சைக்குப் பழகி, படத்தில் பச்சை போதவில்லை என்று ஏமாந்தது. இப்போது திரைக்குப் பின்னால் உள்ள சுவர் மட்டும் வெளிர் சாம்பல். வீட்டில் இன்னும் அதைப் பற்றிக் கிண்டல் செய்கிறார்கள். ஜன்னல் வெயில் திரையில் விழாமல் ஒரு திரைச்சீலை.

யுபிஎஸ் கட்டாயம். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் பாண்டிக்குப் பக்கத்தில் கரை கடந்தபோது மின்சாரம் எத்தனை தடவை வந்து வந்து போனது என்று இந்தப் பக்கத்து ஆட்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கடலோர வீடு என்றால் பயன்படுத்தாத நேரத்தில் ஒரு காட்டன் துணியால் மூடி வையுங்கள், உப்புக்காற்று போர்ட்டுகளை விட்டுவைக்காது.

படி 7: கேலிபரேட்டர்

திரை மேல் தொங்கவிட்டு நிறத்தை அளக்கும் சின்னக் கருவி. கேலிபிரைட், டேட்டாகலர் ஸ்பைடர் இரண்டும் பிரபலம். நாங்கள் மூன்று பேர் சேர்ந்து ஒன்று வாங்கி, மாதம் ஒரு முறை கைமாற்றிக்கொள்கிறோம். அளப்பதற்கு முன் மானிட்டர் அரை மணி நேரம் ஓடிச் சூடாகட்டும்.

எல்லாம் முடிந்ததும் அந்த நான்கு படத்தையும் லேபில் சின்ன அளவில் அச்சடித்து வாங்கி, காலை பத்து மணி வாக்கில் ஜன்னலோரம் வைத்துத் திரையோடு ஒப்பிடுங்கள். அச்சு இன்னும் இருட்டாகத் தெரிந்தால் படத்தில் கை வைக்காதீர்கள், மானிட்டர் வெளிச்சத்தை இரண்டு புள்ளி இறக்கி மறுபடி பாருங்கள். பொருந்திய எண்களை ஒரு மார்க்கரால் எழுதி மானிட்டர் முதுகில் ஒட்டிவிடுங்கள். என் மானிட்டரில் ஞாயிற்றுக்கிழமை கிரிக்கெட் பார்க்க என் அக்கா பையன் வந்து ‘விவிட்’ போட்டுவிட்டுத்தான் போவான்.