பனி கொட்டும் நாளை வீட்டோடும் தெருவோடும் சேர்ந்து அனுபவிப்பது எப்படி

ராத்திரி முழுக்கப் பனி கொட்டி, பள்ளிக்கு விடுமுறை விட்டு, வண்டியை வெளியே எடுக்க வழியில்லாமல் எல்லோரும் வீட்டிலேயே இருக்கும்படி ஒரு நாள் அமைந்தால், அதைக் காலையிலேயே கையில் எடுத்துவிடுங்கள். விட்டுவிட்டால் ஆளுக்கொரு போன், ஆளுக்கொரு மூலை என்று மத்தியானத்துக்குள் நாள் போய்விடும், சாயங்காலம் பிள்ளைகள் எதற்கெடுத்தாலும் சண்டை போட ஆரம்பிப்பார்கள்.

கையில் எடுப்பது என்றால் பெரிய திட்டம் ஒன்றும் வேண்டாம். எல்லோரும் சேர்ந்து வெளியே போங்கள், அதுவும் விளையாட அல்ல, முதலில் வாசல் பனியைத் தள்ள. மற்ற நாட்களில் பக்கத்து வீட்டுக்காரரைப் பற்றி நமக்குத் தெரிவதெல்லாம் அவர் கார் கதவைச் சாத்தும் சத்தம்தான். பனி கொட்டிய காலையில் மட்டும்தான் தெருவில் எல்லோரும் ஒரே நேரத்தில், ஒரே வேலைக்காக, கையில் பனி அள்ளும் ஷவலோடு வாசலில் நிற்கிறார்கள். பேசுவதற்குக் காரணம் தேட வேண்டியதில்லை, காரணம் எல்லோர் காலடியிலும் கிடக்கிறது. அந்த ஒரு மணி நேரத்தைத் தவறவிட்டால் அப்புறம் கதவைத் தட்டித்தான் பழக வேண்டும், அது எல்லோருக்கும் வராது.

முதலில் உடுப்பு

நடுங்கும் குழந்தைக்கு எந்த விளையாட்டும் பிடிக்காது, ஆகவே இதில் மட்டும் அவசரப்படாதீர்கள். உடம்பை ஒட்டிப் பருத்தித் துணி வேண்டாம். அது வியர்வையை உறிஞ்சி ஈரமாகவே இருந்து உடம்புச் சூட்டை இழுத்துவிடும். உள்ளே மெல்லிய கம்பளியோ பாலியஸ்டரோ, அதன் மேல் ஸ்வெட்டர் மாதிரி தடித்த ஒன்று, வெளியே காற்றும் ஈரமும் புகாத ஜாக்கெட், இவ்வளவுதான். விரல்கள் தனித்தனியாகப் பிரிந்த கையுறையைவிட நான்கு விரலும் ஒன்றாகச் சேர்ந்திருக்கும் கையுறை சூட்டை நன்றாகப் பிடித்துவைக்கும், சின்னப் பிள்ளைகளுக்கு மாட்டிவிடுவதும் சுலபம். முதல் ஜோடி கையுறை நிச்சயம் நனையும், அதனால் இன்னொரு ஜோடியைக் கதவுக்குப் பக்கத்திலேயே எடுத்துவையுங்கள்.

வெளியே இருக்கும்போது பிள்ளைகளின் காது, மூக்கு நுனி, விரல்களை அவ்வப்போது பாருங்கள். மரத்துப்போய் தோல் வெளிறியிருந்தால் உடனே உள்ளே கூட்டிக்கொண்டு போங்கள். தேய்க்கக் கூடாது, பனியை வைத்துத் தேய்ப்பது இன்னும் மோசம். 37 முதல் 40 டிகிரி செல்சியஸ் வரை இருக்கும் வெதுவெதுப்பான தண்ணீரில் கையை வைத்திருக்கச் சொல்லுங்கள். உணர்ச்சி திரும்பவில்லை என்றால் மருத்துவரிடம் போக வேண்டியதுதான்.

வாசலைத் தள்ளுவது

ஷவலை எடுப்பதற்கு முன் பனியைக் கையில் அள்ளிப் பாருங்கள். மாவு போல உதிர்ந்தால் அது உலர்ந்த பனி, ஒரு கனமீட்டருக்கு 50 முதல் 100 கிலோதான் இருக்கும். ஈரம் ஏறிய பனியோ அதே அளவுக்கு 300 கிலோவைக்கூடத் தாண்டும். பார்க்க இரண்டும் ஒரே வெள்ளைதான், ஆனால் முதுகுக்கும் இதயத்துக்கும் இரண்டும் ஒன்றல்ல. குளிரில் ரத்தக்குழாய்கள் சுருங்குகின்றன, அந்த நேரத்தில் மூச்சைப் பிடித்துக்கொண்டு பாரத்தைத் தூக்கினால் இதயத்தின் வேலை சட்டென்று ஏறிவிடுகிறது. பனி அள்ளும்போது மாரடைப்பு வருவதெல்லாம் இதனால்தான். இதய நோய் உள்ளவர்கள், வருஷம் முழுக்க உடற்பயிற்சியே இல்லாதவர்கள், வயதானவர்கள் இந்த வேலையில் இறங்க வேண்டாம், வீட்டில் வேறு யாராவது செய்யட்டும். தள்ள முடிந்த இடத்தில் தூக்காதீர்கள். தூக்கித்தான் ஆகவேண்டும் என்றால் பாதி ஷவல் மட்டும் எடுங்கள், முதுகை வளைக்காமல் முழங்காலை மடக்குங்கள், உடம்பை முறுக்கித் தோளுக்கு மேலே வீசாதீர்கள். பனி அதிகம் கொட்டும் என்று தெரிந்தால், முழுவதும் நிற்கும்வரை காத்திருக்காமல் இடையில் ஒருமுறை தள்ளிவிடுவது நல்லது.

பிள்ளைகளுக்கு உண்மையான வேலை கொடுங்கள். சின்ன ஷவல் ஒன்று, இல்லாவிட்டால் மணல் விளையாடும் வாளி, துடைப்பம், எதுவாக இருந்தாலும் சரி. படிக்கட்டை ஒருவர் பெருக்கலாம், காரின் கண்ணாடியை இன்னொருவர் துடைக்கலாம், கதவிலிருந்து தெரு வரைக்கும் உள்ள ஒரு சின்னப் பாதையை ஏழு வயதுப் பிள்ளையிடம் தாராளமாக ஒப்படைக்கலாம். அது கோணல்மாணலாகத்தான் வரும், வரட்டும். நீங்கள் பின்னாலேயே போய் அதை நேராக்கினால் அடுத்த தடவை அந்தப் பிள்ளை ஷவலைத் தொடாது.

பெரியவர்கள் கவனிக்க வேண்டியது இரண்டு. காரை ஓடவிடுவதற்கு முன் அதன் புகைக்குழாயைச் சுற்றியிருக்கும் பனியை அகற்றுங்கள், அது அடைத்திருந்தால் கார்பன் மோனாக்சைடு என்ற விஷவாயு வண்டிக்குள்ளேயே திரும்பும், அதற்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. பின்னால் யாராவது பனி தள்ளிக்கொண்டிருக்கும்போது குழந்தையைச் சூடாக இருக்கட்டும் என்று காருக்குள் உட்கார வைப்பதில்தான் இந்த ஆபத்து அதிகம். வீட்டு ஹீட்டரின் புகைபோக்கி சுவரில் தாழ்வாக இருந்தால் அதையும் பாருங்கள். இன்னொன்று உப்பு. சாதாரண உப்பு மைனஸ் 9 டிகிரிக்குக் கீழே போனால் பெரிதாக வேலை செய்யாது, அப்போது கொட்டிக்கொண்டே இருப்பதில் பயனில்லை, மணலைத் தூவுங்கள், வழுக்காமல் பிடிமானமாவது கிடைக்கும்.

பக்கத்து வாசல்

இதுதான் நான் முக்கியமாகச் சொல்ல வந்தது. உங்கள் வீட்டு எல்லை முடிகிற இடத்தில் ஷவலை நிறுத்தாதீர்கள். நடைபாதையில் இன்னும் பத்தடி தள்ளிக்கொண்டு போங்கள். அவ்வளவு போதும், பெரும்பாலும் அந்தப் பக்கத்திலிருந்தும் ஒருவர் தள்ளிக்கொண்டு வருவார், இரண்டு பேரும் நடுவில் சந்திப்பீர்கள், பேச்சு தானாக ஆரம்பிக்கும். பல வருஷம் தலையசைப்போடு நின்றுபோன பழக்கம் இந்தப் பத்தடியில்தான் பேர் சொல்லிக் கூப்பிடும் பழக்கமாக மாறுகிறது.

தனியாக இருக்கும் முதியவர், கைக்குழந்தை வைத்திருப்பவர்கள், இரவு வேலை முடித்துக் காலையில் வந்து தூங்குபவர்கள், இவர்கள் வீடு எது என்று தெருவில் எல்லோருக்கும் தெரிந்திருக்கும். அங்கே போய் "உதவி வேண்டுமா?" என்று கேட்டால் பெரும்பாலும் வேண்டாம் என்றுதான் பதில் வரும், ஏனென்றால் யாருக்கும் கடன்பட்டவராக நிற்கப் பிடிக்காது. "அம்மா, ஷவல் கையில்தான் இருக்கு, உங்க படியையும் சேர்த்துத் தள்ளிடறோம், பசங்களுக்கும் பொழுது போகும்" என்று சொல்லிப் பாருங்கள், சிரித்துக்கொண்டே சரி என்பார்கள். முடித்ததும் உடனே கிளம்பிவிடாமல் இரண்டு நிமிடம் நில்லுங்கள். வீட்டில் ஹீட்டர் வேலை செய்கிறதா, மருந்து இருக்கிறதா, ஏதாவது வாங்கிவர வேண்டுமா என்று பேச்சோடு பேச்சாகக் கேளுங்கள். போன் நம்பரைப் பரிமாறிக்கொள்ளுங்கள், மின்சாரம் போனால் அப்போது இந்த நம்பர்தான் கைகொடுக்கும். அவர்கள் திருப்பி ஏதாவது கொடுத்தால் மறுக்காமல் வாங்கிக்கொள்ளுங்கள், வாங்கிக்கொள்வதும் உறவுதான்.

ஒரு மரியாதை மட்டும்: தள்ளும் பனியை அடுத்தவர் வாசலிலோ தெரு நடுவிலோ குவிக்காதீர்கள். தெருவில் தீயணைப்புக் குழாய் இருந்தால் அதைச் சுற்றியும் வழி விடுங்கள், சக்கர நாற்காலியில் வருபவரோ குழந்தையைத் தள்ளுவண்டியில் கொண்டு வருபவரோ போகிற அளவுக்கு நடைபாதை அகலமாக இருக்கட்டும்.

புதிதாகக் குடிவந்த குடும்பம் ஒன்று இருந்தால், அவர்களுக்கு இது முதல் பனிக்காலமாக இருந்தால், அவர்கள் பாடு உண்மையிலேயே கஷ்டம். எந்த பூட்ஸ் வழுக்காது, எந்த நேரத்தில் பனி தள்ளும் வண்டி வரும், குப்பை எடுப்பார்களா மாட்டார்களா என்று ஒன்றும் தெரியாது, கேட்கவும் கூச்சமாக இருக்கும். நீங்களே போய்ச் சொல்லுங்கள். வீட்டில் பயன்படாமல் கிடக்கும் இரண்டாவது ஷவலை அந்தக் குளிர்காலம் முடியும்வரை அவர்களிடமே விட்டுவிடலாம்.

விளையாட்டு

எந்தப் பனியில் எது விளையாடலாம் என்று தெரிந்துகொண்டால் ஏமாற்றம் இருக்காது. பனிமனிதன் செய்யக் கொஞ்சம் ஈரம் வேண்டும், வெப்பநிலை 0 டிகிரியை ஒட்டி இருக்கும்போதுதான் பனித்துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டும். கையில் இறுக்கிப் பிடித்துத் திறந்தால் உருண்டையாக நின்றால் சரி, உதிர்ந்தால் அன்று பனிமனிதன் வேண்டாம், சறுக்குவண்டியை எடுங்கள். சாலையில் போய் முடியும் சரிவில் சறுக்கக் கூடாது, கால் முன்னால் இருக்க உட்கார்ந்துதான் போக வேண்டும், தலைக்கவசம் இருந்தால் நல்லது. சாலையோரத்தில் குவிந்திருக்கும் பனிமேட்டைக் குடைந்து பிள்ளைகள் குகை செய்வதை மட்டும் அனுமதிக்காதீர்கள். அது இடிந்து மூடிவிடலாம், பனி தள்ளும் வண்டி ஓட்டுபவருக்கு உள்ளே பிள்ளை இருப்பது தெரியாது.

ஓடியாட முடியாதவர்களுக்கு எனக்கு மிகவும் பிடித்தது தடம் பார்ப்பது. யாரும் மிதிக்காத பனியில் காலையில் நிறைய எழுதியிருக்கும். நாயின் தடத்தில் நகம் பதிந்திருக்கும், பூனை நகத்தை உள்ளிழுத்துக்கொண்டு நடப்பதால் அதன் தடத்தில் பெரும்பாலும் நகம் தெரியாது. முயல் தாவும்போது பின்னங்கால்கள் முன்னங்கால்களைத் தாண்டி முன்னே விழும், ஆகவே பெரிய தடம் இருக்கும் பக்கம்தான் அது போன திசை. இதைச் சொல்லிக்கொடுத்துவிட்டு பிள்ளைகளைத் துப்பறிய விடுங்கள், தாத்தா பாட்டி ஜன்னலிலிருந்தே கலந்துகொள்ளலாம்.

பனி விழுந்துகொண்டிருக்கும்போது கறுப்புத் துணி ஒன்றை வெளியே கொஞ்ச நேரம் வைத்துக் குளிரவிட்டு, அதில் விழும் துகள்களைப் பூதக்கண்ணாடியால் பாருங்கள். ஆறு கைகள் தெரியும். மூச்சு பட்டால் உருகிவிடும், அதனால் குழந்தைகள் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்ப்பார்கள், அந்த முகங்களை நீங்கள் பார்த்துக்கொண்டிருக்கலாம். அமெரிக்காவில் வெர்மான்ட் மாநிலத்தில் வில்சன் பென்ட்லி என்ற விவசாயி வீட்டுப் பையன் இதே மாதிரிதான் ஆரம்பித்தார். ஆசிரியையாக இருந்த அம்மா கொடுத்த பழைய நுண்ணோக்கியில் பனித்துகளைப் பார்க்கத் தொடங்கி, கேமராவை அதோடு இணைத்து, 1885 ஜனவரி 15 அன்று 19 வயதில் ஒற்றைப் பனிப்படிகத்தைப் படமெடுத்தார். வாழ்நாளில் 5,000 படங்களுக்கு மேல் எடுத்தார். பிள்ளைகளிடம் இந்தக் கதையைச் சொல்லுங்கள். துகளின் வடிவம் மேகத்தின் குளிரையும் ஈரத்தையும் பொறுத்து மாறும், மைனஸ் 15 டிகிரியை ஒட்டித்தான் அழகான பெரிய நட்சத்திர வடிவங்கள் உருவாகின்றன, ஆகவே ஒருநாள் ஊசி ஊசியாக வந்தால் அடுத்த பனியிலும் பார்க்கச் சொல்லுங்கள்.

மறுநாள் சாயங்காலத்துக்குத் தெருவே சேர்ந்து செய்யக்கூடிய ஒன்று பனிக்கட்டி விளக்கு. பிளாஸ்டிக் வாளியில் தண்ணீர் நிரப்பி வெளியே வையுங்கள். மேல்பக்கமும் ஓரங்களும் முதலில் உறையும், நடுவில் தண்ணீராகவே இருக்கும். நல்ல குளிர் என்றால் ஒரே இரவு, 0 டிகிரிக்குச் சற்றுக் கீழே என்றால் அதைவிட அதிக நேரம் ஆகும். ஓரச்சுவர் இரண்டு விரல் தடிமன் வந்ததும் வாளியை வீட்டுக்குள் சில நிமிடம் வைத்துக் கவிழ்த்தால் கட்டி நழுவி வரும், இப்போது மேலே வந்திருக்கும் மெல்லிய அடிப்பக்கத்தை உடைத்து உள்ளே இருக்கும் தண்ணீரைக் கொட்டிவிட்டு, குழியில் மெழுகுவர்த்தி வையுங்கள். உங்கள் வீட்டுக்கு ஒன்று செய்யும்போதே இரண்டு பக்கத்து வீடுகளுக்கும் ஒவ்வொன்று செய்துவிடுங்கள், பிள்ளைகளே கொண்டுபோய்க் கொடுக்கட்டும்.

உள்ளே வந்த பிறகு

ஈர உடுப்பையெல்லாம் கதவோரமே கழற்றி விரித்துப் போட்டுவிட்டு, எல்லோரும் ஒரே அறைக்கு வாருங்கள். வீடு முழுக்க விளக்கு வேண்டாம், ஓர் அறை போதும். சூடாகக் குடிக்க ஏதாவது பெரிய பாத்திரத்தில் போடுங்கள், வெளியே பேசிக்கொண்டிருந்த பக்கத்து வீட்டுக்காரரையும் அப்படியே உள்ளே கூப்பிடுங்கள், வீடு ஒழுங்காக இல்லையே என்று யோசிக்காதீர்கள், பனி நாளில் யார் வீடும் ஒழுங்காக இருக்காது. வந்தவுடன் போனை எடுக்காமல் ஒரு மணி நேரம் தள்ளிப்போட எல்லோரும், பெரியவர்களும் சேர்ந்து, ஒத்துக்கொண்டால் போதும். உடம்பு களைத்திருப்பதால் பிள்ளைகள் தானாகவே உங்கள் மேல் சாய்ந்து உட்கார்ந்து கதை கேட்பார்கள். மின்சாரம் போய்விட்டால் ஜெனரேட்டரையோ கரி அடுப்பையோ வீட்டுக்குள்ளும் கார் நிறுத்தும் அறைக்குள்ளும் மட்டும் பயன்படுத்தாதீர்கள், அங்கேயும் அதே கார்பன் மோனாக்சைடுதான்.

படுக்கப் போவதற்கு முன் ஒருமுறை வாசலுக்குப் போய், பகலில் உருகிய தண்ணீர் மறுபடி கண்ணாடியாக உறைந்திருக்கிறதா என்று பார்த்து, உங்கள் படியிலும், காலையில் பனி தள்ளிக்கொடுத்த முதியவர் வீட்டுப் படியிலும் மணலோ உப்போ தூவிவிட்டு வாருங்கள். பகலில் வாங்கிய நம்பர்களையெல்லாம் சேர்த்து ஒரு வாட்ஸ்அப் குழு ஆரம்பித்துவிடுங்கள், அடுத்த பனி எச்சரிக்கை வந்ததும் அதில் "நாளை காலை 9 மணி, எல்லோரும் வாசலில்" என்று ஒரு வரி போடலாம்.