மாணவரிடம் பரிவையும் ஊர்ப்பணியையும் வளர்ப்பது எப்படி?

தென் மாவட்டம் ஒன்றில், அரசு உதவி பெறும் மேல்நிலைப் பள்ளியில் தமிழாசிரியராகவும் நாட்டு நலப்பணித் திட்ட அலுவலராகவும் பல ஆண்டுகள் பணியாற்றியவன் என்ற முறையில், இந்தப் பொறுப்பைப் புதிதாக ஏற்கும் ஆசிரியர்களுக்காக இதை எழுதுகிறேன். காலை வழிபாட்டுக் கூட்டத்தில் அன்பைப் பற்றி மூன்று நிமிடம் தடுமாறாமல் பேசிப் பேனா பரிசு வாங்கிய மாணவன் ஒருவன், வகுப்புக்குத் திரும்பும் வழியிலேயே, மாடிப்படியில் தனக்கு முன்னால் கால் தாங்கி ஏறிய சிறுவனை அந்தக் காலைச் சொல்லியே அழைத்ததை ஒரு நாள் கேட்டேன். அவன் மேடையில் பொய் பேசவில்லை. அந்தப் பேச்சுக்கும் இந்தப் படிக்கட்டுக்கும் தொடர்பு உண்டு என்று யாரும் அவனுக்குக் காட்டியிருக்கவில்லை, அவ்வளவுதான். மாணவன் கையில் ஒரு வேலையும், அந்த வேலையின் மறுமுனையில் ஓர் ஆளும் இருக்கும்போதுதான் பரிவு பழக்கமாகிறது என்பது என் அனுபவம். ஆகவே பேச்சுப் போட்டி, உறுதிமொழி, சுவரொட்டி ஆகியவற்றுக்கு இங்கே இடமில்லை.

முதல் இரண்டு வாரங்கள்

ஜூன் மாதம் பள்ளி திறந்ததும் எதையும் அறிவிக்காமல், இரண்டு வாரங்கள் பார்த்துக்கொண்டு மட்டும் இருக்க வேண்டும். பார்க்க வேண்டிய இடங்கள் வகுப்பறைக்கு வெளியே இருக்கின்றன: சத்துணவு வரிசை, தண்ணீர்க் குழாயடி, கழிவறைக்குப் போகும் வழி, மாலையில் பேருந்து நிறுத்தம். வரிசையில் எப்போதும் கடைசியாக நிற்பவர் யார், சாப்பாட்டு நேரத்தில் டிபன் பாக்ஸைத் திறக்காமல் மூடியின் மேல் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவர் யார், ஆசிரியர் “யாராவது ஒருவர் போய் எடுத்து வாருங்கள்” என்று சொல்லும்போது ஒவ்வொரு முறையும் எழுந்து போகும் அந்த ‘யாராவது’ யார் என்பதைக் குறித்துக்கொள்ள வேண்டும். பெயர்களை எழுத வேண்டாம். குறிப்பேடு மேசை மேல் கிடந்து யார் கண்ணிலாவது பட்டால் அதுவே ஒரு வம்பாகிவிடும்.

இந்தப் பார்வையில் சாதி தென்படாமல் போகாது. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பள்ளி மாணவன் ஒருவனும் அவனுடைய தங்கையும், அவனோடு படித்த மாணவர்களாலேயே வீடு புகுந்து வெட்டப்பட்ட பிறகு, தமிழ்நாடு அரசு ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துருவை ஒருநபர் குழுவாக நியமித்தது. 2024 ஜூனில் அவர் அளித்த அறிக்கை, சாதியைக் காட்டும் வண்ணக் கயிறு, மோதிரம், நெற்றிக் குறி ஆகியவற்றுக்குத் தடை வேண்டும் என்றும், மாணவரை அகர வரிசைப்படி அமர்த்த வேண்டும் என்றும் பரிந்துரைத்தது. கயிற்றை அறுப்பது எளிது. மறுநாள் அதே நிறத்தில் பேனா மூடி வரும். இருக்கையை மாற்றுவதுதான் மெதுவாக, ஆனால் நிச்சயமாக வேலை செய்கிறது. நாங்கள் அகர வரிசையில் அமர்த்தி, ஒவ்வொரு திங்கட்கிழமையும் முன்வரிசையைப் பின்னுக்கு அனுப்பினோம். இல்லாவிட்டால் அகரத்தில் பெயர் தொடங்குபவர்கள் ஆண்டு முழுவதும் கரும்பலகைக்கு எதிரிலும், விக்னேஷ்களும் வெங்கடேஷ்களும் கடைசி பெஞ்சிலுமாகக் காலம் தள்ள நேரிடும். பக்கத்தில் உட்கார்வதால் மட்டும் நட்பு வந்துவிடாது என்றாலும், அழிப்பான் கேட்கவாவது பேசித்தானே ஆக வேண்டும்.

வேலைகளைச் சுழல விடுவது

அடுத்ததாக, வகுப்பு வேலைகளின் பட்டியலைச் சுவரில் ஒட்டி வாரந்தோறும் சுழற்ற வேண்டும். கூட்டுவது பெண்கள், பெஞ்ச் தூக்குவது ஆண்கள், வருகைப் பதிவேட்டை எடுத்து வருவது நன்றாகப் படிப்பவர் என்ற எழுதாத பட்டியல் ஒன்று எல்லா வகுப்பிலும் இருக்கிறது. எழுதிய பட்டியல் வந்தால்தான் அது கலையும். கழிவறையைக் கழுவுவதும் சாக்கடையை அள்ளுவதும் எந்தச் சூழலிலும் இந்தப் பட்டியலில் வரக் கூடாது. யாரை அந்த வேலைக்கு அனுப்புகிறார்கள் என்பதற்குப் பின்னால் நம் ஊர்களில் நீண்ட, கசப்பான கதை இருக்கிறது. பள்ளி அதைத் தொடரக் கூடாது.

வேலைகளிலேயே அதிகப் பயன் தந்தது வாசிப்புத் துணை. எங்கள் வளாகத்தை ஒட்டித் தொடக்கப் பள்ளி ஒன்று இருந்ததால், ஒன்பதாம் வகுப்பு மாணவர் ஒவ்வொருவருக்கும் இரண்டாம் வகுப்புக் குழந்தை ஒன்றை ஒதுக்கி, வாரத்தில் இரண்டு நாள் இருபது நிமிடம் சேர்ந்து வாசிக்க வைத்தோம். துணையைத் தேர்ந்தெடுக்கும்போது முதல் மதிப்பெண் வாங்குபவர்களைத் தேடிப் போக வேண்டாம். ஒன்பதாம் வகுப்பிலும் எழுத்துக் கூட்டித்தான் படிப்பான் என்று எல்லாரும் கைவிட்டிருந்த ஒருவனிடம், வாயே திறக்காத ஒரு சிறுமியை ஒப்படைத்தேன். நான்காவது வாரம் எட்டிப் பார்த்தபோது, வேப்ப மரத்தடியில் புளியங்கொட்டைகளை வரிசையாக வைத்து ‘ழ’ எழுத்தைச் செய்திருந்தான். அவள் விரலால் அதன் மேல் போய்க்கொண்டிருந்தாள். கொட்டை ஒன்று நகர்ந்ததும் அவன், “விடு, எனக்கும் அந்தச் சுழியிலதான் இடிக்கும்” என்றான். ஆசிரியராக இத்தனை ஆண்டுகளில் நான் ஒரு முறைகூட மாணவரிடம் அப்படிச் சொன்னதில்லை.

பரிசு கொடுப்பதில் எனக்கு உடன்பாடில்லை. ஒரு முறை நல்ல செயலுக்கு நட்சத்திர வில்லை கொடுக்கத் தொடங்கினேன்; இரண்டாம் வாரத்தில் ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் தங்கள் பேனாவைத் தாங்களே கீழே போட்டு, நண்பனை எடுத்துத் தரச் செய்து, இருவருமாக வில்லைக்கு வந்து நின்றார்கள். வில்லைக்குப் பதிலாக வெள்ளிக்கிழமை கடைசிப் பாடவேளையில் பத்து நிமிடம் ஒதுக்கி, அந்த வாரம் தனக்குப் பிறர் செய்த ஓர் உதவியை மட்டும் சொல்லச் சொன்னோம். தான் செய்ததைச் சொல்ல அனுமதியில்லை. முதல் மூன்று வாரங்கள் “ஸ்கேல் கொடுத்தான் சார்” என்பதைத் தாண்டாது, பொறுத்துக்கொள்ள வேண்டும். ஐந்தாறு வாரங்களில், அப்பா மருத்துவமனையில் இருந்த நாட்களில் எனக்கு நோட்டு எழுதிக் கொடுத்தாள் என்பது போன்றவை வரத் தொடங்கும். பேச விரும்பாதவரைக் கட்டாயப்படுத்தக் கூடாது.

கொடுப்பதில் கவனம்

நோட்டு, சீருடை, காலணி போன்றவற்றை அரசே விலையின்றித் தருவதால், பிள்ளைகளுக்கு உண்மையில் எது குறைகிறது என்பதைக் கேட்டறிந்துதான் சேகரிக்க வேண்டும். எங்கள் பள்ளியில் அது ஜியாமெட்ரி பாக்ஸ், நாப்கின், செய்முறைக் குறிப்பேட்டுக்கான கட்டணம் என்று இருந்தது. இவற்றுக்கான பெட்டியை, சாக்பீஸ் எடுக்க எல்லாரும் போய் வரும் அறையிலோ நூலகத்திலோ வைக்க வேண்டும். யார் எடுத்தார் என்று பதிவேடு வைக்கக் கூடாது. சிலர் தேவைக்கு மேல் எடுப்பார்கள், அதனால் பள்ளி ஒன்றும் முழுகிவிடாது. பிறந்தநாளுக்கு மிட்டாய் கொடுப்பதற்குப் பதில் பெட்டியில் ஒரு பொருள் போடலாம் என்று சொல்லிப் பார்க்கலாம், ஆனால் விதியாக்க வேண்டாம். மிட்டாய் வாங்கவே வழியில்லாதவர்களும் அதே வகுப்பில் இருக்கிறார்கள்.

பெறுபவரை நிற்க வைத்துப் படம் எடுப்பதை முற்றாக நிறுத்த வேண்டும். நன்கொடையாளர் ஒருவர் வழங்கிய சைக்கிளோடு நின்ற மாணவியின் படம் ஊர் முழுக்க வாட்ஸ்அப்பில் சுற்றியதும், அவள் அந்தச் சைக்கிளை ஒரு மாதம் வீட்டிலேயே வைத்துவிட்டு நடந்து வந்தாள்.

சண்டைகளைப் பொறுத்தவரை, தவறு செய்தவரை வழிபாட்டுக் கூட்டத்தில் மன்னிப்புக் கேட்கச் செய்வது அடுத்த சண்டைக்கு நாள் குறிப்பதாகும். 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் 17ஆம் பிரிவில் உடல் தண்டனையோடு மனத் துன்புறுத்தலையும் தடை செய்கிறது என்பதை நினைவில் கொள்ள வேண்டும். இருவரையும் தனித்தனியே கேட்டு, புண்பட்டவருக்கு என்ன வேண்டும் என்பதை அறிந்து, செய்தவர் அதைச் செய்யும்படி பார்த்துக்கொண்டால் பெரும்பாலும் போதும். ஆனால் அடி உதை, சாதி வசவு, பாலியல் தொல்லை ஆகியவற்றைப் பரிவின் பெயரால் சமாதானம் பேசி மூடுவது பெருங்குற்றம். அவை தலைமையாசிரியர் வழியாக உரிய அலுவலருக்குப் போக வேண்டியவை. 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணும், பள்ளிக் கல்வித் துறையின் 14417 என்ற எண்ணும் ஒவ்வொரு வகுப்புச் சுவரிலும் மாணவரின் கண் மட்டத்தில் இருக்க வேண்டும்.

ஊருக்குள் போவது

நாட்டு நலப்பணித் திட்டம் காந்தி நூற்றாண்டில், 1969 செப்டம்பர் 24 அன்று தொடங்கப்பட்டது. ஆண்டுக்கு 120 மணி நேரப் பணி, ஏழு நாள் சிறப்பு முகாம் என்பது அதன் கட்டமைப்பு. மேல்நிலை வகுப்புகளுக்கு இது. கீழ் வகுப்புகளுக்கு இளஞ்செஞ்சிலுவைச் சங்கம், சாரணர் இயக்கம், பசுமைப் படை என்று வழிகள் இருக்கின்றன. எந்தப் பெயரில் செய்தாலும், முதல் வேலை ஊரைக் கேட்பதுதான். அதைச் செய்யாமல் நான் பட்ட பாட்டைச் சொல்கிறேன். ஓர் அக்டோபரில், கண்மாய்க் கரையில் பத்தடிக்கு ஒன்றாக நானூறு பனை விதைகளைப் புதைத்தோம். நீர் ஊற்ற வேண்டியதில்லை, ஆடு மாடு கடிக்காது என்று பெருமையாகப் பேசிக்கொண்டோம். தை பிறந்ததும் போய்ப் பார்த்தால் கரை நெடுகக் குழிகள். விதை ஊன்றி மூன்று மாதத்தில் பனங்கிழங்கு திரண்டுவிடும் என்பது ஊருக்கெல்லாம் தெரியும். பொங்கலுக்குக் கிழங்கு வேண்டாமா? தோண்டியவர்களில் நம் மாணவர்களும் உண்டு என்பதைப் பிறகு அவர்களே சிரித்துக்கொண்டு ஒப்புக்கொண்டார்கள். மறு ஆண்டு ஊர்ப் பெரியவர்களிடம் முன்னதாகவே பேசி, கிழங்குக்கென்று ஒரு பாத்தியைத் தனியாகப் போட்டோம். கரையில் ஊன்றியவற்றில் பாதிக்கு மேல் தப்பின.

கேட்பது என்றால், மாணவர் நான்கு பேராக நோட்டுடன் இருபது வீடுகளுக்குப் போய், ‘ஊருக்கு உடனே எது நடந்தால் நல்லது?’ என்ற ஒரே கேள்வியைக் கேட்டு, பதிலை அவர்கள் சொன்ன சொற்களிலேயே எழுதி வருவது. எங்களுக்கு வந்த பதில்களில் மரம் நடுதல் இல்லவே இல்லை. எரியாத தெருவிளக்கு, நேரம் மாறிவிட்ட பேருந்து, முதியோர் உதவித்தொகை வந்ததா இல்லையா என்று தெரியாத தவிப்பு ஆகியவையே திரும்பத் திரும்ப வந்தன.

தெருவிளக்கைப் பற்றி மின்வாரியத்துக்குக் கடிதம் எழுதுவது பத்தாம் வகுப்புத் தமிழ்த் தேர்வில் வழக்கமாக வரும் கேள்வி. ஐந்து மதிப்பெண்ணுக்காக உறைமேல் முகவரி வரை எழுதிப் பழகியிருக்கிறோம். அதையே உண்மையில் எழுதி, உறையில் இட்டு, அஞ்சல் தலை ஒட்டி அனுப்பச் செய்தேன். பத்து நாள் கழித்து வந்த பதில், கிராமத் தெருவிளக்குகளைப் பராமரிப்பது ஊராட்சியின் பொறுப்பு என்றது. மறுபடி எழுதினார்கள், நேரில் போனார்கள், மூன்று விளக்குகளில் இரண்டு எரிந்தன. பெரிய கோரிக்கைகளைப் பள்ளி மேலாண்மைக் குழுவின் வழியாகக் கிராம சபைக்குக் கொண்டுபோகலாம். குழுவில் முக்கால் பங்கினர் பெற்றோர் என்பதால், அவர்கள் சபையில் எழுந்து பேசுவார்கள். பிள்ளைகள் எழுதிய மனு அவர்கள் கையில் இருக்கும். தமிழ்நாட்டில் ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாட்களில் கிராம சபை கூடுகிறது. பள்ளி ஆண்டோடு இசைவது அக்டோபர் 2.

முதியோர் விஷயத்தில், சனிக்கிழமை காலை இருவராகப் போய்ச் செய்தித்தாள் வாசித்துக் காட்டுவது, மருந்துச் சீட்டில் காலை எது, இரவு எது என்று பெரிய எழுத்தில் எழுதித் தருவது, வங்கிப் புத்தகத்தில் அந்த மாத உதவித்தொகை ஏறியிருக்கிறதா என்று பார்த்துச் சொல்வது ஆகியவை போதும். ஏ.டி.எம். அட்டையையோ ரகசிய எண்ணையோ எவ்வளவு வற்புறுத்திக் கொடுத்தாலும் வாங்கக் கூடாது என்பதை முதல் நாளே சொல்லிவிட வேண்டும்.

பாதுகாப்பில் எனக்கு விட்டுக்கொடுப்பு கிடையாது. பெற்றோரின் எழுத்துபூர்வ ஒப்புதலும், உடன் ஓர் ஆசிரியரும், மாணவியர் வந்தால் ஓர் ஆசிரியையும் இல்லாமல் வளாகத்தை விட்டு வெளியேறுவதில்லை. குளம், கிணறு, கண்மாய்த் தண்ணீருக்குள் யாரும் இறங்குவதில்லை. சீமைக் கருவேலத்தை வெட்டும் வேலையை மாணவருக்குத் தருவதில்லை; அந்த முள் உள்ளங்காலில் முறிந்தால் என்ன ஆகும் என்பது பட்டவர்களுக்குத் தெரியும்.

ஜனவரிக்குப் பிறகு பொதுத்தேர்வுக்கான திருப்புதல்கள் வந்துவிடும். அப்போது பெரிய வகுப்பினரை விடுவித்துவிட்டு, பணியை அடுத்த வகுப்புக்கு முறையாகக் கைமாற்ற வேண்டும். இதற்கென்று ஒரு நீள நோட்டு போதும். பார்த்த வீடு, தொடங்கிய வேலை, பாதியில் நிற்கும் மனு, யாரிடம் பேச வேண்டும் என்பவற்றை மாணவரே எழுதட்டும். நாம் திருத்த வேண்டாம். சென்ற முறை பன்னிரண்டாம் வகுப்பினர் கொடுத்த நோட்டின் கடைசிப் பக்கத்தில் இருந்தது இது: ‘பூவரச மரத்து வீட்டுப் பாட்டிக்கு வலது காது கேட்காது. இடப்பக்கம் உட்கார்ந்து வாசிக்கவும். முதலில் மழை வருமா என்று பார்த்துச் சொல்லிவிட்டுத்தான் மற்றதைப் படிக்க வேண்டும்.’