ஏரியைத் தூர்வாரப் போகிறீர்களா? இந்தத் தவறுகளைத் தவிருங்கள்

கோடை வந்தால் பல ஊர்களில் இளைஞர்கள் கைக்காசைப் போட்டு, வெளியூரில் இருப்பவர்களிடம் வசூல் செய்து, ஏரியைத் தூர்வார இறங்குகிறார்கள். தமிழ்நாட்டில் ஏறத்தாழ 39,000 ஏரி, கண்மாய்கள் உண்டு. அத்தனையையும் அரசு மட்டுமே பார்த்துக்கொள்ளும் என்று காத்திருக்க முடியாது. இந்த ஆர்வம் வீணாகக் கூடாது. வீணாகிற இடங்களில் பெரும்பாலும் வேலையை நடு ஏரியிலிருந்து தொடங்கியிருப்பார்கள்.

பொக்லைன் வைத்து ஆழமாகத் தோண்டினால் வேலை பலமாக நடந்ததுபோல் தெரியும். ஆனால் மடையின் (ஏரித் தண்ணீரை வயலுக்குத் திறந்துவிடும் மதகு) அடிமட்டத்துக்குக் கீழே தேங்கும் தண்ணீர் தானாக வயலுக்குப் பாயாது, மோட்டார் போட்டுத்தான் இறைக்க வேண்டும். பாசனம் அற்றுப்போய், கிணறு ஊறினால் போதும் என்றிருக்கும் ஊருக்குக் கணக்கு வேறு. ஏரி எதற்கு என்பதை முதலில் ஊர் கூடி முடிவு செய்யுங்கள். பாசன ஏரியானால் அடியிலிருக்கும் களிமண்தான் தண்ணீரைத் தாங்குகிறது. அதைக் கிழித்து மணல் தெரியும்வரை போனால், நிரம்பிய ஏரியும் சீக்கிரமே வற்றும். அங்கங்கே சோதனைக் குழி போட்டு, வண்டல் எத்தனை அடி, களி எங்கே தொடங்குகிறது என்று பார்த்து, வண்டலை மட்டும் எடுங்கள். கரையை ஒட்டித் தோண்டவே கூடாது. அடி பலமிழந்த கரை, நல்ல மழை பெய்யும் ஆண்டில் உடைப்பெடுக்கும். மண் எடுக்க அனுமதி கட்டாயம். 100 ஏக்கருக்கு மேல் ஆயக்கட்டு (ஏரித் தண்ணீர் பாயும் வயல் பரப்பு) உள்ள ஏரிகள் பொதுவாக நீர்வளத் துறையிடமும், சிறியவை ஊராட்சி ஒன்றியத்திடமும் இருக்கும்.

அடுத்த தவறு, வரத்துக் கால்வாயை மறப்பது. தண்ணீர் வர வழியில்லாத ஏரியை எத்தனை அடி தோண்டி என்ன பயன்? கிராம நிர்வாக அலுவலரிடம் புலப்படம் (நில அளவை வரைபடம்) வாங்கி, கால்வாயின் மேல்கோடியிலிருந்து ஏரிவரை நடந்து பாருங்கள். எங்கே பாத்தி கட்டியிருக்கிறது, எங்கே சாலைப் பாலத்தின் குழாய் அடைத்திருக்கிறது என்பது அப்போதுதான் பிடிபடும். ஆக்கிரமிப்பு இருந்தால் நீங்களே போய் மோதாதீர்கள். தாசில்தாரிடம் மனு கொடுத்து அளக்கச் சொல்லுங்கள்.

ஏரி நிரம்பியதும் உபரி நீர் வழிந்தோடும் கலுங்கின் மேல் மணல் மூட்டை அடுக்கித் தண்ணீரைக் கூடுதலாகத் தேக்குவதும் வேண்டாம். ஏரிகள் சங்கிலித் தொடராக அமைந்தவை. நம் கலுங்கில் வழிவது கீழ் ஏரிக்கு வரத்து. அதை மறித்தால் மேலே இருப்பவர் நாற்று மூழ்கும், கீழே இருப்பவர் வயல் காயும்.

சீமைக்கருவேலத்தைத் தரைமட்டத்தில் வெட்டிவிட்டுத் திருப்தி அடைகிறவர்களும் உண்டு. அடுத்த மழைக்கே அது நாலு கிளையாகத் துளிர்த்துவிடும், வேரோடு பிடுங்க வேண்டும். அந்த வேகத்தில் நாட்டுக் கருவேலத்தையும் சாய்த்துவிடாதீர்கள். நாட்டுக் கருவேலத்தின் பூ மஞ்சள் உருண்டை, காய் மணி கோத்ததுபோல் இடையிடையே இறுகியிருக்கும். சீமைக்கருவேலப் பூ நீண்ட கதிராகத் தொங்கும். மரத்தில் கூடு இருந்தால், குஞ்சுகள் பறந்துபோகும்வரை எந்த மரத்திலும் கை வைக்காதீர்கள்.

எல்லாவற்றிலும் பெரிய தவறாக நான் நினைப்பது, ஏரியை நம்பிப் பிழைப்பவர்களைக் கேட்காமல் திட்டம் போடுவது. ஆடு மேய்ப்பவர், மீன் பிடிப்பவர், கடைமடை விவசாயி, வயல்களுக்கு முறைவைத்துத் தண்ணீர் திறக்கும் நீர்க்கட்டி, காலனியில் இருப்பவர்கள், பெண்கள் எல்லோரும் முதல் கூட்டத்திலேயே இருக்க வேண்டும். வேடந்தாங்கல் மக்கள் 200 ஆண்டுகளுக்கு மேலாகப் பறவைகளைக் காத்துவருகிறார்கள் என்றால், எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் தங்கள் வயலுக்கு உரம் என்பதை அவர்கள் கண்கூடாகக் கண்டவர்கள். சிவகங்கை மாவட்டம் கொள்ளுக்குடிப்பட்டியில் பறவைகளுக்காகத் தீபாவளிக்குக்கூட வெடி வெடிப்பதில்லை. அங்கே கட்டுப்பாடு ஊருடையது, வெளியிலிருந்து வந்து யாரும் போட்டதல்ல.

முதல் ஆண்டு வேலையோடு குழுவைக் கலைத்துவிடாதீர்கள். ஊராட்சிக்கு மீன் குத்தகை வரும் ஏரியானால், அதில் ஒரு பங்கைப் பராமரிப்புக்கு ஒதுக்கக் கிராம சபையில் தீர்மானம் போடுங்கள். ஆண்டுதோறும் ஐப்பசி மழைக்கு முன், மடைப் பலகைக்கும் கால்வாய்ப் புல் செதுக்கவும் அந்தப் பணம் உதவும்.