நாய்க்குக் கறிக்கடை எலும்பு: மலையில் அடிக்கடி நடக்கும் தவறுகள்

"நாய்க்கு ஏதாவது வேஸ்ட் இருந்தா போடுங்க பாய்" என்று கேட்பதில்தான் பாதித் தவறு தொடங்குகிறது. அப்படிக் கேட்டால் வெட்டுக்கட்டைக்குக் கீழே இருக்கும் வாளிதான் கிடைக்கும். சவ்வு, கொழுப்பு, எலும்புச் சில்லு, கோழி இறகு, பித்தப்பை, சாணம் போகாத குடல், சணல் கயிறு, கிழிந்த பாலித்தீன் எல்லாம் அதில் ஒன்றாகக் கிடக்கும். விடியற்காலை அறுப்பிலிருந்து திறந்தே இருந்த வாளி அது. குடலில் இருந்த கிருமி நல்ல கறித்துண்டிலும் ஏறியிருக்கும். வீட்டுக்குக் கொண்டுவந்து எத்தனை தண்ணீர் ஊற்றிக் கழுவினாலும் அது முழுதாகப் போகாது.

பாகத்தின் பெயரைச் சொல்லிக் கேளுங்கள். ஆட்டில் கழுத்தெலும்பு, நெஞ்செலும்பு, வால், நுரையீரல், சதை ஒட்டிய சவ்வு. கோழியில் கழுத்து, கால், ஈரல். "பாய், கழுத்தெலும்பு ஒரு கிலோ, சவ்வுக்கறி அரைக் கிலோ, தனியா எடுத்து வைங்க" என்றால் அவருக்கும் வேலை சுலபம். இலவசமாகத்தான் வேண்டும் என்று நிற்காதீர்கள். நுரையீரலுக்கும் சவ்வுக்கும் ஒரு சிறு விலை பேசிக்கொண்டால், அது வாளிக்குப் போகாமல் உங்கள் பாத்திரத்துக்கு வரும்.

நேரமும் முக்கியம். ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக் கூட்டத்தில் நின்று நாய்க்குக் கேட்டால் யாருக்கும் காது கேட்காது. கடை திறந்ததும் பாத்திரத்தைக் கொடுத்துவிட்டு வாருங்கள். வெட்ட வெட்ட அவர் அதில் போட்டு வைப்பார். பத்து மணிக்குள் போய் எடுத்துக்கொள்ளலாம். மதியம் போனால் மலிவாகக் கிடைக்கும் என்பது உண்மைதான், ஆனால் அந்தக் கறி ஆறு மணி நேரம் வெளியில் இருந்திருக்கும். புரட்டாசியில் விற்பனை மந்தம், முதல் நாள் மிச்சம் கைக்கு வரக்கூடும். முகர்ந்து பார்த்து வாங்குங்கள். காந்தி ஜெயந்தி, மகாவீர் ஜெயந்தி, திருவள்ளுவர் தினம் போன்ற நாட்களில் கடையே இருக்காது என்பதையும் கணக்கில் வையுங்கள்.

பாத்திரம் இரண்டு வேண்டும். எலும்புக்கும் கறிக்கும் ஒன்று, ஈரல், நுரையீரல் வகைக்கு ஒன்று. மூடி இறுக்கமாக இருக்கும் எவர்சில்வர் தூக்கு போதும். நீலகிரியில் பிளாஸ்டிக் பைக்குத் தடை பல ஆண்டுகளாக இருக்கிறது. பேப்பரில் சுற்றி வாங்கினால், மழையில் நனைந்து பஸ்ஸிலேயே ரத்தம் சொட்டும்.

எந்த எலும்பு, எப்படி

வேகவைத்த எலும்பை நாய்க்குப் போடாதீர்கள். பிரியாணியில் மிஞ்சியது, குழம்பில் கிடந்தது, தந்தூரியில் சுட்டது எல்லாம் இதில் அடக்கம். சூட்டில் எலும்பின் ஈரமும் நெகிழ்வும் போய்விடுகின்றன. கடித்தால் நசுங்காமல் ஊசியாகப் பிளக்கிறது. அந்த ஊசி தொண்டையிலோ குடலிலோ குத்தும். குழம்பு எலும்பில் இன்னொரு ஆபத்தும் உண்டு: வெங்காயம். நாயின் உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 15 முதல் 30 கிராம் வெங்காயம் போனாலே ரத்த சிவப்பணுக்கள் சிதையத் தொடங்கும். ஐந்து கிலோ பொமரேனியனுக்கு ஒரு நடுத்தர வெங்காயமே அந்த அளவுக்கு வந்துவிடும். மசாலாவில் கரைந்திருந்தாலும் விஷம் விஷம்தான்.

பச்சை எலும்பு என்றால் பயமில்லை என்பது அடுத்த தவறு. கத்தியால் நாலாக வெட்டிய நல்லி எலும்பின் ஓரத்தை விரலால் தடவிப் பாருங்கள், கண்ணாடிச் சில்லு மாதிரி இருக்கும். அதனால் எலும்பை வெட்டாமல் முழுசாகக் கேளுங்கள். ஆனால் தொடை எலும்பு, கால் எலும்பு இரண்டும் உடம்பின் பாரத்தைத் தாங்கியவை. நாயின் பல்லை உடைக்கும் அளவுக்குக் கடினம். கட்டைவிரல் நகத்தை அழுத்தினால் கொஞ்சமும் பதியாத பொருளை நாய் கடித்தால் பல் உடையும் என்பது கால்நடை மருத்துவர்கள் சொல்லும் எளிய சோதனை. உடைவது பெரும்பாலும் மேல்தாடையின் பெரிய கடைவாய்ப் பல். பல் வலியை நாய் வெளியே காட்டாது. ஒரு பக்கமாக மெல்லும், கண்ணுக்குக் கீழே வீங்கும், அப்போதுதான் நமக்குத் தெரியும். மாட்டு நல்லியை வட்டமாக அறுத்துக் கொடுத்தால் கீழ்த்தாடையில் வளையமாக மாட்டிக்கொள்ளும். மயக்க மருந்து கொடுத்து வெட்டித்தான் எடுக்க வேண்டிவரும்.

பெரும்பாலான மருத்துவர்கள் எலும்பே வேண்டாம் என்பார்கள். எங்கள் கருத்தும் கிட்டத்தட்ட அதுதான்: எலும்பின் சத்தைச் சாறாக இறக்கிக் கொடுத்துவிட்டு எலும்பைக் கழித்துவிடுவது நல்லது. குக்கரில் வேகவைத்தால் எலும்பு மெத்தென்று ஆகிவிடாதா என்று கேட்பவர்கள் உண்டு. கோழிக் கழுத்து ஆகும். முதல் விசிலுக்குப் பின் சிறு தீயில் ஒன்றரை மணி நேரம் விட்டால் விரலில் மாவாக நசுங்கும். ஒரு துண்டு நசுங்காவிட்டாலும் அந்தப் பானை எலும்பு வேண்டாம். ஆட்டெலும்பு அப்படி ஒருநாளும் ஆகாது.

கழுத்தெலும்போடு குரல்வளை வந்தால் அதைக் கழித்துவிடுங்கள். அதை ஒட்டித்தான் தைராய்டு சுரப்பி இருக்கிறது. தினமும் சாப்பிடும் நாய்க்கு நெஞ்சு படபடப்பு, எடை இறக்கம், ஓயாத தாகம் எல்லாம் வரும்.

குளிரும் கொதியும்

"ஊட்டிக் குளிரே ஃபிரிட்ஜ்தானே" என்று தூக்கை மாலை வரை வராந்தாவில் வைப்பவர்கள் ஏராளம். டிசம்பர், ஜனவரியில் உறைபனி விழும் நாட்களில்கூட மதிய வெயிலில் இருபது டிகிரி எட்டிவிடும். ஃபிரிட்ஜ் என்பது ஐந்து டிகிரிக்குக் கீழே. இடையில் உள்ள எந்தச் சூட்டிலும் கிருமி பெருகும். குளிரில் நாற்றம் தாமதமாக வருவதால் கறி நன்றாக இருப்பதாக ஏமாந்துபோகிறோம். வாங்கிய இரண்டு மணி நேரத்துக்குள் அடுப்பிலோ ஃபிரீசரிலோ போய்விட வேண்டும்.

ஃபிரீசரில் ஒரு கிலோ கட்டியாக வைக்காதீர்கள். ஒரு நாள் அளவாகப் பிரித்து, டப்பாவில் தட்டையாகப் பரப்பி வையுங்கள். மழைக்காலத்தில் மரம் விழுந்து மணிக்கணக்கில் மின்சாரம் போகும் ஊர் இது. உருகிய கறியைத் திரும்ப உறைய வைக்காமல் அன்றே வேகவைத்துவிடுங்கள்.

கொதிக்கவைப்பதில் மலைக்கே உரிய சிக்கல் ஒன்று உண்டு. ஊட்டி, கொடைக்கானல் உயரத்தில் தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடுகிறது. கிருமியைக் கொல்ல அந்தச் சூடு தாராளம். ஆனால் சவ்வும் நரம்பும் வேக அதிக நேரம் எடுக்கும், பெரிய கட்டியின் நடுப்பகுதி பச்சையாகவே நிற்கும். சமவெளி ஊர்க்காரர் சொன்ன நேரத்தை நம்பாமல் திறந்த பானையில் பாதி நேரம் கூட்டிக்கொள்ளுங்கள், இல்லையென்றால் குக்கர் வையுங்கள். ஒரு கிலோ எலும்புக்கு இரண்டு லிட்டர் தண்ணீர், உப்பில்லாமல், விசில் வந்தபின் சிறு தீயில் முக்கால் மணி நேரம். வடிகட்டி, ஆறவைத்து, ஃபிரிட்ஜில் ஓர் இரவு வைத்தால் மேலே வெள்ளைத் தட்டாகக் கொழுப்பு உறையும். அதை எடுத்துவிடுங்கள். கொழுப்பை அப்படியே ஊற்றுவதும் கோழித் தோலைக் கிண்ணம் கிண்ணமாகப் போடுவதும்தான் பல நாய்களுக்குக் கணைய அழற்சி வரக் காரணம்.

நீர்க்கட்டி

இதை மட்டும் நிதானமாகப் படியுங்கள். ஆட்டு ஈரலையோ நுரையீரலையோ வெட்டும்போது சில சமயம் பட்டாணி அளவிலிருந்து எலுமிச்சை அளவு வரை வெளுத்த பை ஒன்று தெரியும். உள்ளே தெளிந்த நீர். கடைக்காரர் அதைச் சீவி எடுத்துக் கட்டைக்குக் கீழே நிற்கும் நாய்க்கு வீசுவார். அந்தப் பைக்குள் இருப்பது எக்கினோகாக்கஸ் என்ற நாடாப்புழுவின் இளம் தலைகள். நாயின் குடலில் அவை சில மில்லிமீட்டர் நீளப் புழுக்களாக வளர்ந்து ஆறேழு வாரத்தில் முட்டையிடும். நாய்க்கு ஒன்றும் செய்யாது. இருமல் இல்லை, வயிற்றுப்போக்கு இல்லை. ஆனால் மலத்தோடு வெளியேறும் முட்டை மனிதர் வயிற்றுக்குள் போனால், ஈரலிலும் நுரையீரலிலும் அதே நீர்க்கட்டி பல ஆண்டுகள் சத்தமில்லாமல் வளரும். பலருக்கு அறுவை சிகிச்சைதான் வழி.

வெயிலும் வறட்சியும் இந்த முட்டைக்கு எதிரி. குளிரும் ஈரமும் நண்பன். நம் மண்ணில் அது மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். கேரட் பாத்தியிலும் முட்டைக்கோஸ் தோட்டத்திலும் நாய் சுற்றுகிறது, குழந்தை கேரட்டைப் பிடுங்கித் துடைத்துக் கடிக்கிறது. இந்த இரண்டையும் சேர்த்துப் பாருங்கள்.

எனவே நாய்க்கு எந்த உள்ளுறுப்பையும் பச்சையாகப் போடக் கூடாது. கட்டி தெரிந்தால் குத்தி உடைக்காமல் அந்த உறுப்பையே முழுதாகக் கழியுங்கள். தெரியாவிட்டாலும் இரண்டு விரல் கனத் துண்டுகளாக வெட்டி 40 நிமிடம் கொதிக்க விடுங்கள். ஒற்றைக் கதவு ஃபிரிட்ஜின் குட்டி ஃபிரீசரை நம்பிப் பச்சையாகக் கொடுக்காதீர்கள். மைனஸ் 18 டிகிரிக்கு அது பெரும்பாலும் இறங்குவதில்லை. ஏற்கெனவே பச்சையாகத் தின்று பழகிய நாய்க்கு வழக்கமான பூச்சி சிரப் போதாது. பிரசிகுவான்டெல் இருக்கும் மாத்திரைதான் நாடாப்புழுவுக்கு வேலை செய்யும். எடைக்கேற்ற அளவை மருத்துவரிடம் கேட்டு, பச்சைத் தீனி நிற்கும் வரை ஆறு வாரத்துக்கு ஒருமுறை கொடுங்கள்.

எவ்வளவு, எதனோடு

கறி மட்டும் போட்டு வளர்த்தால் நாய் பலசாலியாகும் என்ற நம்பிக்கை குட்டிகளைத்தான் முடமாக்குகிறது. சதையில் பாஸ்பரஸ் அதிகம், சுண்ணாம்புச் சத்து மிகக் குறைவு. உடம்பு தன் எலும்பிலிருந்தே சுண்ணாம்பை உருவிக்கொள்ளும். கால் வளையும், சின்னக் குதியிலேயே எலும்பு முறியும். ஒரு கிலோ சதைக்கு ஒரு தேக்கரண்டி முட்டை ஓட்டுத் தூள் சேர்க்கலாம். ஓட்டைக் கொதிநீரில் பத்து நிமிடம் வைத்து, காயவைத்து, மிக்சியில் மாவாக அரையுங்கள். குட்டிக்கும் சினை நாய்க்கும் இந்த அளவைக் கண்ணை மூடிக்கொண்டு பின்பற்றாமல் மருத்துவரிடம் கேளுங்கள்.

இருபது கிலோ வளர்ந்த நாய்க்கு ஒரு நாளைக்கு ஏறத்தாழ 200 கிராம் வெந்த கறி, 300 கிராம் சோறு அல்லது ராகிக் களி, நூறு கிராம் வெந்த கேரட், பீன்ஸ், ஒரு கிண்ணம் எலும்புச் சாறு. இரண்டு வேளையாகப் பிரியுங்கள். ஈரல் மொத்தத் தீனியில் இருபதில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. அதிலுள்ள வைட்டமின் ஏ உடம்பில் சேர்ந்துகொண்டே போகும். பக்ரீத் அன்று தூக்கு நிறையக் கிடைத்தது என்று ஒரே நாளில் கொட்டாதீர்கள். புதுத் தீனியை ஒரு வாரத்தில் மெல்லக் கூட்டுவதுதான் முறை.

செத்த மாட்டின் கறி வேண்டவே வேண்டாம். கடைசி நாட்களில் என்ன ஊசி போட்டார்கள் என்று யாருக்கும் தெரியாது. வழியில் கிடக்கும் உடலை நாய் முகரவும் விடாதீர்கள். 2023 செப்டம்பரில் அவலாஞ்சி அருகே இரண்டு புலிகள் இறந்தது, விஷம் வைத்த மாட்டு உடலைத் தின்றதால்தான்.

வாசனை யாரை அழைக்கிறது

முற்றத்தில் எலும்பைப் போட்டு நாயையும் அங்கேயே கட்டினால், சிறுத்தைக்கு வழி காட்டுகிறோம் என்று அர்த்தம். குன்னூர், கோத்தகிரிப் பக்கம் கரடியும் வரும். நீலகிரி, கொடைக்கானல் இரு மலைகளிலும் காட்டுப்பன்றி வரும். பொழுது இறங்குவதற்குள் தீனி முடிந்து, தட்டு கழுவி உள்ளே போயிருக்க வேண்டும். நாயும் இரவில் உள்ளேதான். கழித்த எலும்பைத் தேயிலைச் சரிவில் வீசாதீர்கள். ஓரடிக் குழியைப் பன்றி ஒரே இரவில் கிளறிவிடும். குப்பை வண்டி வரும் காலை வரை மூடிய டப்பாவில் வீட்டுக்குள் வைத்து, ஈரக் குப்பையில் கொடுங்கள். வண்டி வராத ஊரில் விறகடுப்பில் போட்டுச் சாம்பலாக்கலாம்.

தெருநாய்களுக்குக் கொடுப்பவர்கள் கறிக்கடை வாசலிலேயே பிரித்துப் போடுவதையும் நிறுத்த வேண்டும். பத்து நாய்கள் ஒரே இடத்தில் எலும்புக்கு மோதினால் கடி வாங்குவது பள்ளிக்குப் போகும் பிள்ளை. வெந்த கறிச் சோற்றை, நடமாட்டம் இல்லாத ஓரத்தில், தள்ளித் தள்ளி வைத்து, மிச்சத்தை எடுத்துக்கொண்டு கிளம்புங்கள்.

சிக்கிக்கொண்டால்

வெறும் ஓங்கரிப்பு, ஓயாத எச்சில், முன்னங்காலால் வாயைப் பிறாண்டுவது, வயிறு இறுகுவது, சுண்ணாம்புக் கட்டி போன்ற மலத்துக்கு முக்குவது, கருத்த மலம். இதில் எது தெரிந்தாலும் காத்திருக்கக் கூடாது. வாழைப்பழமும் சோற்றுருண்டையும் கொடுத்து உள்ளே தள்ளப் பார்க்காதீர்கள். உப்புக் கரைசல் கொடுத்து வாந்தி எடுக்கவும் வைக்காதீர்கள். கூர்மையான துண்டு திரும்பி வரும்போது இன்னொரு முறை கிழிக்கும். ஆசனவாயில் எலும்பு நீட்டிக்கொண்டிருந்தாலும் இழுக்கக் கூடாது. எல்லாக் கால்நடை மருந்தகத்திலும் எக்ஸ்ரே இருக்காது. கிளம்பும் முன் போன் செய்து கேட்டுவிட்டால், மேட்டுப்பாளையத்துக்கோ வத்தலக்குண்டுக்கோ இறங்க வேண்டுமா என்பது வீட்டிலேயே தெரிந்துவிடும். என்ன எலும்பு, எவ்வளவு பெரிது, எத்தனை மணிக்குத் தின்றது என்று குறித்துக்கொள்ளுங்கள். மிஞ்சிய துண்டு இருந்தால் அதையும் டப்பாவில் போட்டு எடுத்துப் போங்கள்.