மலை மறைவை நம்பாதீர்கள்: கிரேக்கத் தீவுகளில் நங்கூரம் போட இடம் பார்ப்பது எப்படி

போன வாரம் சுங்கை சிப்புட்டில் பாசார் பக்கத்துக் கடையில் பசியாறிக்கொண்டிருந்தேன். எங்கள் தாமான் பையன் ஒருவன் கைப்பேசியில் ஒரு வரைபடத்தைத் திறந்து தட்டுக்குப் பக்கத்தில் வைத்தான். அடுத்த ஜூலையில் நண்பர்கள் நான்கு பேர் சேர்ந்து கிரீஸில் பாய்மரப்படகு வாடகைக்கு எடுக்கிறார்களாம்.

"அண்ணே, மலை பெருசா இருக்கிற தீவுக்குப் பின்னால போய் நின்னுட்டா காத்து அடிக்காதுதானே?"

"அடிக்கும் தம்பி. அங்கதான் ரொம்ப அடிக்கும்."

ரொட்டி சானாயைப் பிய்த்த கை அப்படியே நின்றுவிட்டது. அவனுக்கு அங்கேயே சொன்னதைத்தான் கொஞ்சம் விரித்து எழுதுகிறேன். லூமுட்டில் படகு வேலை பார்த்தபோது கற்றதும், மூன்று கோடைகள் கிரீஸின் சைக்கிளாடிஸ் தீவுக் கூட்டத்துக்குள் சுற்றியபோது பட்டதும் இதில் கலந்திருக்கும்.

முதலில் காற்றைப் புரிந்துகொள்ளுங்கள். கிரீஸுக்கும் துருக்கிக்கும் நடுவில் உள்ள ஏஜியன் கடலில் கோடைக் காற்றுக்கு மெல்டெமி என்று பெயர். மே கடைசியில் எட்டிப் பார்க்கும், ஜூலை ஆகஸ்டில் உச்சத்துக்குப் போகும், செப்டம்பரில் அடங்கும். வடக்கு ஏஜியனில் வடகிழக்கிலிருந்தும், நடுவில் உள்ள சைக்கிளாடிஸில் நேர் வடக்கிலிருந்தும், தென்கிழக்கே ரோட்ஸ் தீவுப் பக்கம் போகப்போக வடமேற்கிலிருந்தும் வீசும். பால்கன் பக்கம் உயர் அழுத்தம், துருக்கியின் மேல் வெயிலில் உருவாகும் தாழ்வழுத்தம், இந்த இரண்டுக்கும் நடுவில் காற்று பாய்கிறது. அந்தத் தாழ்வழுத்தம் வேறெங்கோ பிறந்ததல்ல, நம் பக்கம் தென்மேற்குப் பருவக்காற்றை இழுக்கிற அதே ஆசியத் தாழ்வழுத்தத்தின் மேற்கு நுனிதான் அது.

நமக்குப் பழகிய சுமத்ரா காற்று விடியற்காலையில் கருமேகத்தோடு வரும், மழையைக் கொட்டும், ஒன்றிரண்டு மணி நேரத்தில் போய்விடும். வானத்தைப் பார்த்தாலே தெரிந்துவிடும். மெல்டெமி அப்படி இல்லை. வானம் சுத்த நீலமாக இருக்கும், ஒரு மேகம் இருக்காது, ஆனால் காற்றின் பலத்தைச் சொல்லும் போஃபோர்ட் அளவில் 6, 7 என்று மூன்று நாள், ஐந்து நாள், சில சமயம் ஒரு வாரத்துக்கும் மேல் விடாமல் வீசும். வானத்தைப் பார்த்து முடிவெடுக்கும் நம் பழக்கம் அங்கே உதவாது. காலையும் மாலையும் கிரேக்க வானிலைத் துறையின் கடல் அறிக்கையைப் பார்த்தே ஆகவேண்டும்.

சரி, மலைக்கு வருவோம். நான் பிறந்த தோட்டத்தில் எங்கள் லயம் ஒரு குன்றின் அடிவாரத்தில் இருந்தது. புயல் மாதிரி காற்று வந்தால், வெளியே வெட்டவெளியில் இருந்த மேல் லயத்துக்குத் தகரம் பறக்காது, குன்றுக்குப் பின்னால் ஒளிந்திருந்த எங்களுக்குத்தான் பறக்கும். காற்று குன்றின் மேல் ஏறி, அந்தப் பக்கம் கனமாக விழும். சற்று நேரம் ஒன்றுமே இருக்காது, கித்தா மர இலைகூட அசையாது, திடீரென்று கன்னத்தில் விழுவதுபோல் காற்று ஒரு அறை விடும். கடலிலும் இதேதான். வடக்கிலிருந்து வரும் மெல்டெமி 800 மீட்டருக்கு மேல் உயரமுள்ள அமோர்கோஸ் மேட்டில் ஏறி, தெற்குச் சரிவில் சறுக்கி விழும். 1,000 மீட்டர் தாண்டும் இக்காரியாவின் தென்கரை இதற்குப் பேர்போனது. நாக்சோஸின் தெற்குப் பக்கமும் அப்படித்தான். வெளிக் கடலில் 25 நாட் (மணிக்கு 25 கடல் மைல்) வீசும்போது, மலையடியில் 40 நாட் அறைகள் விழலாம். வேகம் இரண்டு மடங்கானால் படகின் மேல் விழும் அழுத்தம் நான்கு மடங்கு. நங்கூரம் சராசரிக் காற்றில் கழன்றுகொள்வதில்லை, அந்த ஒரு அறையில்தான் கழன்றுகொள்ளும்.

அதனால் அலை மறைவு வேறு, காற்று மறைவு வேறு. மலைக்குத் தெற்கே அலை இருக்காது, காற்று இருக்கும். வரைபடத்தில் குடாவின் வடிவத்தை மட்டும் பார்க்காதீர்கள், அதற்கு வடக்கே உள்ள உயரக் கோடுகளையும் பாருங்கள். கோடுகள் நெருக்கமாக இருந்தால் செங்குத்துச் சரிவு. பள்ளத்தாக்கு ஒன்று நேராகக் குடாவுக்குள் இறங்கினால் அது காற்றுக்குப் போட்ட குழாய். எனக்குப் பிடித்தது தாழ்வான நிலம், அலையைத் தடுக்கிற அளவுக்கு ஒரு மணல் திட்டு அல்லது சின்ன மேடு, அதற்குப் பின்னால் மணல் தரை. காற்று சீராக வரும், அறை இருக்காது, படகு ஒரே திசையில் நிற்கும். கூஃபோனிசி, ஸ்கினூசா போன்ற சின்னத் தீவுகள் தாழ்வானவை. மிக்கோனோஸுக்குப் பக்கத்தில் உள்ள ரினியாவின் தெற்குக் குடாவில் ஜூலையில் எத்தனையோ படகுகள் மெல்டெமிக்கு ஒதுங்கி நிற்கும். பக்கத்திலேயே இருக்கிற டெலோஸில் மட்டும் இரவு தங்க முடியாது, அது தொல்லியல் தீவு. சிஃப்னோஸின் தென்மேற்கில் உள்ள வாத்தி ஏறக்குறைய மூடிய குடா. பாரோஸின் நவூசா குடா வடக்கே திறந்திருக்கிறதே என்று பயப்படவேண்டாம், அதற்குள் ஒதுங்க மூலைகள் உண்டு. சாண்டோரினியைப் பார்க்கப் போகிறேன் என்கிறவர்களுக்கு ஒன்று: எரிமலைக் குழிக்குள் ஆழம் 300 மீட்டரைத் தாண்டும், நங்கூரம் போடலாம் என்ற எண்ணத்தோடு போகாதீர்கள்.

அடுத்து தரை. இதில்தான் நான் அடிபட்டேன். செரிஃபோஸ் தீவின் லிவாடி குடாவில் சாயங்காலம் ஆறு மணிக்கு வந்து சேர்ந்தோம். நல்ல இடமெல்லாம் போய்விட்டது. கிடைத்த இடத்தில் சங்கிலியை இறக்கிவிட்டு, பிடித்துக்கொண்டது என்று நம்பிச் சாப்பிடப் போனோம். இரவு இரண்டு மணிக்கு ஒரு அறை விழுந்தது. நான் மேலே ஏறிப் பார்த்தபோது, படகின் மூக்குக்கு நேராக இருக்கவேண்டிய கரை விளக்கு பக்கவாட்டில் நகர்ந்துகொண்டிருந்தது. நங்கூரத்தைத் தூக்கினால் அதன் மூக்கில் சோற்றுப் பானை அளவுக்குக் கடற்புல் உருண்டை, வேரோடு. கத்தியால் அறுத்து எறிய எனக்கும் மச்சானுக்கும் கால் மணி நேரம் பிடித்தது, அதற்குள் பின்னால் நின்ற படகு பத்து மீட்டர் பக்கத்தில் வந்துவிட்டது.

அந்தப் புல்லுக்குப் போசிடோனியா என்று பெயர். கிரேக்கக் கடலில் நிறைய உண்டு. அது பாதுகாக்கப்பட்ட புல், அதைப் பெயர்ப்பது தப்பு. நங்கூரமும் அதில் சறுக்கும், இல்லாவிட்டால் வேரோடு பிடுங்கிக்கொண்டு வரும். தண்ணீர் தெளிவாக இருப்பதால் மேலிருந்தே தெரியும். கருமையாகத் தெரிந்தால் புல் அல்லது பாறை, வெளிர் பச்சையாகத் தெரிந்தால் மணல். வெயில் உச்சியில் இருக்கும்போது இந்த வித்தியாசம் பளிச்சென்று தெரியும், மாலைச் சரிவு வெயிலில் எல்லாம் ஒரே வெள்ளி. அதனால்தான் மதியம் இரண்டு மணிக்குள் போய்ச் சேருங்கள் என்கிறேன். இடமும் கிடைக்கும், தரையும் தெரியும்.

சங்கிலிக் கணக்கு பலருக்கும் தப்பிப்போகிறது. தண்ணீரின் ஆழத்தை மட்டும் எடுக்கக்கூடாது, படகின் மூக்கு தண்ணீருக்கு மேல் எவ்வளவு உயரம் என்பதையும் சேர்க்கவேண்டும். ஆழம் 5 மீட்டர், மூக்கு 1.5 மீட்டர் என்றால் 6.5. சாதாரணக் காற்றுக்கு ஐந்து மடங்கு, அதாவது 33 மீட்டர் சங்கிலி. மெல்டெமிக்கு ஏழு மடங்கு, அதாவது 46 மீட்டர். வாடகைப் படகில் 50, 60 மீட்டர் சங்கிலி இருக்கும், கிளம்பும்போது கேட்டு எழுதிவையுங்கள். அப்படியானால் 8 மீட்டர் ஆழத்தில் ஏழு மடங்கு போடச் சங்கிலி போதாது, ஆழம் குறைந்த இடம்தான் உங்களுக்கு. நம் போர்ட் கிள்ளான் பக்கம்போல் தண்ணீர் மீட்டர் கணக்கில் ஏறி இறங்காது, ஏஜியனில் ஏற்ற இறக்கம் சென்டிமீட்டர் கணக்குதான், அதனால் 4, 5 மீட்டரில் தைரியமாக நிற்கலாம். படகு சுற்றிவரும் வட்டத்துக்கு மட்டும் இடம் விடுங்கள்.

போட்ட பிறகு, காற்று படகை மெதுவாகப் பின்னால் தள்ளிச் சங்கிலியை நீட்டட்டும். அப்புறம் எஞ்சினைப் பின்னோக்கிப் படிப்படியாக வேகம் கூட்டி அரை நிமிடம் இழுங்கள். சங்கிலியின் மேல் கை வைத்துப் பாருங்கள். நங்கூரம் தரையில் இழுபட்டால் கையில் தடதடவென்று உதறும், பிடித்துவிட்டால் விறைத்து அமைதியாக இருக்கும். கரையில் ஒன்றுக்குப் பின்னால் ஒன்றாக இரண்டு பொருட்களைக் கண்ணால் கோத்துக்கொள்ளுங்கள், ஒரு வீட்டு மூலையும் அதன் பின்னால் ஒரு மரமும் போதும், அவை விலகினால் நீங்கள் நகர்கிறீர்கள். கைப்பேசி நங்கூர அலாரத்தை வையுங்கள். கடைசியாக, கண்ணாடி மாட்டிக்கொண்டு தண்ணீரில் இறங்கி நங்கூரத்தை நேரில் பாருங்கள். மூக்கு மணலுக்குள் புதைந்திருந்தால்தான் அன்றைக்குத் தூக்கம். சங்கிலியின் இழுப்பைத் தாங்க ஒரு நைலான் கயிற்றைக் கட்டிவிடுங்கள், அறை விழும்போது அது ரப்பர்போல் நீண்டு கொடுக்கும்.

ஒன்றை மறந்துவிடாதீர்கள். மெல்டெமிக்கு நல்ல இடம் தெற்கே திறந்திருக்கும். வசந்தத்திலும் இலையுதிர் காலத்திலும் தெற்கிலிருந்து காற்று வந்தால் அதே இடம் பொறி. ஒவ்வொரு இரவுக்கும் இரண்டாவது இடம் ஒன்றை, வெளிச்சம் இருக்கும்போதே, வரைபடத்தில் குறித்துவையுங்கள்.

தம்பியின் வரைபடத்தையும் மாற்றிப் போட்டோம். அவன் முதலில் காற்றோடு தெற்கே சாண்டோரினி வரைக்கும் இறங்கி, கடைசி இரண்டு நாளில் வடக்கே ஏறுவதாக வைத்திருந்தான். அந்த இரண்டு நாள் மெல்டெமி எதிரே நின்றால் படகைத் திருப்பிக் கொடுக்கும் சனிக்கிழமைக்கு வந்து சேர முடியாது. இப்போது முதல் மூன்று நாள் வடக்கே, சிரோஸ் வரை. அங்கே வடமேற்கில் கிரம்மாட்டா என்று ஒரு சின்னக் குடா, பெயருக்கே எழுத்துகள் என்றுதான் அர்த்தம். பழங்காலக் கடலோடிகள் காற்றுக்கு ஒதுங்கி நின்று, நல்ல பயணம் கேட்டும் நன்றி சொல்லியும் பாறையில் செதுக்கிய வரிகள் இன்னும் இருக்கின்றன. அதற்குப் பக்கத்தில் அவன் இரண்டு உபரி நாள் என்று எழுதி, வட்டம் போட்டுக்கொண்டான்.