சின்னக் காருக்குப் பெரிய டர்போ: கடைசியாக வாங்க வேண்டியதை முதலில் வாங்காதீர்கள்

பெரும்பாலும் இப்படித்தான் தொடங்குகிறது. தம்பி ஒருவர் கராஜுக்கு ஒரு பெட்டியைத் தூக்கிக்கொண்டு வருவார். திறந்தால் உள்ளே பளபளவென்று ஒரு டர்போ, எக்ஸோஸ்ட் புகையின் வேகத்தில் சுழன்று என்ஜினுக்குள் கூடுதல் காற்றை அழுத்தித் தள்ளும் சாதனம். “அண்ணா, இதை என் சிவிக்கில் பூட்டினால் எத்தனை குதிரைவலு வரும்?” என்று கேட்பார். கேள்வியே தலைகீழ். எத்தனை குதிரைவலு வேண்டும் என்று முதலில் முடிவு செய்துகொண்டு, அங்கிருந்து பின்னோக்கிக் கணக்குப் போட்டுக்கொண்டே வந்தால், டர்போ கடைசியில்தான் வரும்.

400 என்று வைத்துக்கொள்வோம். எங்கள் பக்கம் ஆசைப்படுகிறவர்கள் அதிகம் கேட்கும் ஹொண்டா பி16ஏ 1595 சிசி என்ஜின். ஆரம்ப வகை டர்போ இல்லாமலே 160 குதிரைவலு தந்தது. அதை 400 ஆக்க வேண்டுமானால் இரண்டரை மடங்கு காற்று உள்ளே போக வேண்டும். தாளில் இது ஏறத்தாழ 1.5 பார் பூஸ்ட், அதாவது வெளிக்காற்றின் அழுத்தத்துக்கு மேல் டர்போ ஏற்றும் கூடுதல் அழுத்தம். 10 குதிரைவலுவுக்கு நிமிடத்துக்கு ஒரு பவுண்டு காற்று என்பது இத்தொழிலில் பழகிப்போன கணக்கு. அப்படியானால் நிமிடத்துக்கு 40 பவுண்டு, அதாவது 18 கிலோ. நீள, அகல, உயரம் மூன்றும் 10 அடியான ஓர் அறையின் காற்று முழுவதையும் இரண்டு நிமிடங்களுக்குள் இந்தச் சின்ன என்ஜின் குடித்துவிடும்.

அந்தக் காற்று எப்படிப்பட்டது என்பதைத்தான் நம்மவர்கள் மறக்கிறார்கள். குளிர்நாட்டுக்காரர் காணொளியில் காட்டும் எண் எங்கள் வட இலங்கை வன்னியின் வைகாசி வெயிலில் வராது. 35 பாகை வெப்பத்தில் உள்ளே போகும் காற்றை இரண்டரை மடங்கு அழுத்தினால், டர்போவிலிருந்து வெளியே வரும்போது அது 160 பாகையைத் தாண்டியிருக்கும். கேத்தலில் கொதிக்கும் தண்ணீரைவிடச் சூடான காற்று! அந்தக் காற்றை என்ஜினுக்குள் போகுமுன் குளிர்விக்கும் இன்டர்கூலர் அழகுக்காக முன்னால் தொங்கும் பொருள் இல்லை. அதைச் சுற்றியுள்ள இடுக்குகளைத் தகடு வைத்து அடைக்காவிட்டால், எதிர்க்காற்று இலகுவான வழியாக விலகிப் போய்விடும். ஃபில்டரை எக்ஸோஸ்ட் குழாய்க்குப் பக்கத்தில் திறந்தபடி வைப்பது இன்னொரு கெட்ட பழக்கம். “காற்று தாராளமாகப் போகட்டும்” என்று ஃபில்டரையே கழற்றிவிட்டவர்களையும் பார்த்திருக்கிறேன். செம்மண் ஒழுங்கைகளில் ஓடும் வண்டி அது. டர்போவின் சக்கரம் நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல் சுற்றுகிறது; அந்த வேகத்தில் மோதும் மண் துகள் அதன் இதழ் விளிம்பை அரம் போட்டதுபோல் தின்றுவிடும்.

இனி என்ஜினின் வயிறு. பி வகை என்ஜினின் உடற்கட்டான புளொக் அலுமினியம். பிஸ்டன் ஓடும் குழாய்களான ஸ்லீவுகளின் மேல்முனையைச் சுற்றித் தண்ணீர் ஓட இடம் விட்டிருக்கிறார்கள். வீட்டிலிருந்து வேலைக்குப் போய்வர அது நல்ல ஏற்பாடு. இரண்டரை மடங்கு அழுத்தம் ஏறும்போது, பக்கத்துணை இல்லாத அந்த ஸ்லீவ் முனைகள் மெல்ல அசையத் தொடங்கும். புளொக்குக்கும் அதன் மேல்மூடிக்கும் இடையில் கசிவைத் தடுக்கும் ஹெட் காஸ்கெட் போகும். காஸ்கெட்டை மாற்றுவார்கள், மறுபடியும் போகும். மூன்றாவது காஸ்கெட்டுக்குப் பிறகுதான் ஸ்லீவ் ஞாபகத்துக்கு வரும். 400 குதிரைவலு நிலைக்க வேண்டுமானால் தடித்த இரும்பு ஸ்லீவ், ஃபோர்ஜ் செய்த (அடித்து இறுக்கிய) பிஸ்டன், பிஸ்டனைச் சுழல்தண்டோடு இணைக்கும் ஃபோர்ஜ் செய்த கொன்ரொட், 10.2 ஆக இருந்த கம்ப்ரெஷனை (பிஸ்டன் காற்றை அழுத்தும் விகிதத்தை) 9 அளவுக்கு இறக்குதல் ஆகிய நான்கையும் ஒரே தடவையில் செய்ய வேண்டும். ஒன்றைச் செய்து மற்றதை “அடுத்த வருடம் பார்ப்போம்” என்று விட்டால், அடுத்த வருடம் பார்க்க என்ஜின் இருக்காது.

பிஸ்டனைச் சுற்றி உட்காரும் ரிங் என்ற வளையத்தின் இரு முனைகளுக்கு இடையிலான வாய் இடைவெளி என்னுடைய சொந்தத் தவறு. நான் கட்டிய முதல் டர்போ என்ஜின் 600 கிலோமீற்றர்கூட ஓடவில்லை. ஒருநாள் மாலை நீலப்புகை தள்ளியது. கழற்றிப் பார்த்தபோது மூன்றாவது பிஸ்டனில் மேல் ரிங் உட்காரும் விளிம்பு பிறை வடிவில் உடைந்து கிடந்தது. ரிங்கை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தேன். அதன் இரண்டு முனைகளும் முகம் பார்க்கும் கண்ணாடிபோல் மினுங்கின. அந்த மினுக்கம்தான் சாட்சி: சூடேறி நீண்ட ரிங்கின் முனைகள் ஒன்றோடொன்று முட்டி, போக இடமில்லாமல் பிஸ்டனை உடைத்திருக்கின்றன. பெட்டியிலிருந்து எடுத்ததை அப்படியே போட்டிருந்தேன். ரிங்கை அது ஓடப்போகும் ஸ்லீவுக்குள்ளேயே வைத்து, பிஸ்டனைத் தலைகீழாக்கி நேராகத் தள்ளி, ஃபீலர் கேஜ் என்ற மெல்லிய அளவுத் தகடால் இடைவெளியை அளந்து, போதாவிட்டால் ஒரு முனையை மட்டும் மெதுவாக அராவ வேண்டும். 81 மில்லிமீற்றர் விட்டத்துக்கு, இந்த அளவு பூஸ்டில், மேல் ரிங்குக்கு 0.45 முதல் 0.5 மில்லிமீற்றர் விடுவது வழக்கம். பிஸ்டனோடு வரும் தாளில் உள்ள எண்ணே இறுதி. நான்கு சிலிண்டருக்கும் அளக்க அரைநாள் போகும். அந்த அரைநாளை மிச்சம் பிடித்ததற்கு நான் கொடுத்த விலை ஒரு முழு என்ஜின்.

இதே குடும்பத்துத் தவறு இன்னொன்று. சிலிண்டர் துளையைக் கடையும் பட்டறையில் புளொக்கைக் கொடுத்துவிட்டு, “வழக்கம்போலச் செய்யுங்கள்” என்று சொல்லிவிட்டு வருவது. உழவு இயந்திரத்துக்கும் பஸ்ஸுக்கும் செய்து பழகிய கை அது. பிழை அவர்களுடையது இல்லை. தொழிற்சாலைப் பிஸ்டனுக்கும் சுவருக்கும் இடையில் மில்லிமீற்றரின் நூறில் இரண்டு மூன்று பங்கு இடைவெளி போதும். டர்போவுக்காக ஃபோர்ஜ் செய்த பிஸ்டன் சூட்டில் அதிகம் பருக்கிறது. அதற்கு நூறில் எட்டுப் பங்குகூடத் தேவைப்படலாம். பிஸ்டனையும் தாளையும் கையோடு கொண்டுபோய்க் கொடுங்கள். காலையில் குளிர்ந்த என்ஜின் சிறிது நேரம் ‘டக் டக்’ என்று தட்டும். அதைக் கேட்டுப் பயப்பட வேண்டாம்.

பயப்பட வேண்டிய சத்தம் வேறு. போர்க்காலப் பொருளாதாரத் தடையின்போது வன்னியில் வண்டிகள் மண்ணெண்ணெயில் ஓடின. துளி பெற்றோல் விட்டு என்ஜினை எழுப்பி, பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். மண்ணெண்ணெயின் ஒக்டேன், அதாவது அழுத்தத்தில் தானாகப் பற்றிக்கொள்ளாமல் தாங்கும் திறன், மிகக் குறைவு. ஏற்றத்தில் மிதித்தால் தகரப் பேணிக்குள் கல் குலுக்கியதுபோல் ஒரு சத்தம் கேட்கும். அதுதான் நொக்கிங். அந்தக் காலத்து மெக்கானிக் எவரையும் பக்கத்தில் உட்கார வைத்துப் பாருங்கள், உங்களுக்கு முன்பே அவருடைய காது பிடித்துவிடும். டர்போ என்ஜினில் அதே சத்தம் சில விநாடி நீடித்தாலே பிஸ்டன் போய்விடும். எங்கள் நிரப்பு நிலையங்களில் பொதுவாகக் கிடைப்பவை 92, 95 ஒக்டேன் பெற்றோல் இரண்டும்தான். 95 என்று முடிவு செய்துவிட்டால், தாங்கியில் ஒருநாளும் 92 விழக் கூடாது.

பெற்றோல் போய்ச் சேரும் வழியையும் அளந்து பார்க்க வேண்டும். 400 குதிரைவலுவுக்கு மணிக்கு ஏறத்தாழ 145 லீற்றர் தேவை. பெற்றோலைப் பீய்ச்சும் நான்கு இன்ஜெக்டர்களும் தலைக்கு நிமிடத்துக்கு 700 முதல் 750 சிசி அளவில் இருக்க வேண்டும். பம்பின் பெட்டியில் மணிக்கு 255 லீற்றர் என்று போட்டிருப்பதைப் பார்த்து ஏமாறாதீர்கள். பூஸ்ட் ஏற ஏற ரெகுலேட்டர் எரிபொருள் அழுத்தத்தையும் அதே அளவு ஏற்றும். 3 பாரில் தொடங்கிய பம்ப் 4.5 பாருக்கு எதிராகத் தள்ள வேண்டியிருக்கும், தள்ளும் அளவு குறையும். அதற்குமேல் பழைய மெல்லிய வயரில் மின்னழுத்தம் இறங்கினால் இன்னும் குறையும். தனி ரிலே, தடித்த வயர். செலவு சொற்பம், காப்பாற்றுவதோ பிஸ்டனை. ஸ்பார்க் பிளக்கையும் சூட்டை வேகமாகக் கடத்தும் ‘குளிர்ந்த’ வகைக்கு மாற்றி, இடைவெளியை 0.6 மில்லிமீற்றர் அளவுக்குக் குறையுங்கள். இல்லாவிட்டால் அழுத்தத்தில் பொறி அணைந்து என்ஜின் விக்கும்.

என்ஜினை ஆளும் கணினியான ஈசியூவுக்கு வேறொருவருடைய மேப்பை (எரிபொருள், பொறி அளவுகளின் அட்டவணையை) ஏற்றுவது, பக்கத்து வீட்டுக்காரரின் மருந்துச் சீட்டில் நமக்கு மருந்து வாங்குவதற்குச் சமம். வண்டியை உருளைமேல் ஓடவிட்டு வலுவை அளக்கும் டைனோ உள்ள இடத்துக்கு அதை லொறியில் ஏற்றிக்கொண்டு போங்கள், ஓட்டிக்கொண்டு போகாதீர்கள். முழு பூஸ்டில் காற்று–எரிபொருள் விகிதம் 11.5 அளவில் நிற்கிறதா என்று வைட்பேண்ட் மானியில் பார்த்த பிறகே அடுத்த படிக்கு ஏற்றலாம். வன்னி ஊடாகப் போகும் ஏ9 வீதி டைனோ இல்லை. அங்கே வேக எல்லை 70. மாங்குளம் பக்கம் இரவில் மாடு குறுக்கே படுத்திருக்கும், சில இடங்களில் யானையும் வரும். ஓட்டிப் பார்க்க ஆசையென்றால் கட்டுக்குருந்த போன்ற பந்தயத் தளங்களுக்குப் போகலாம்.

புகை வந்தால் டர்போ சீல் போய்விட்டது என்று எல்லோரும் முடிவு கட்டுகிறார்கள். பத்தில் ஐந்து தடவை, ஒயில் திரும்பி வரும் குழாய் மெலிந்தோ வளைந்தோ இருக்கும். அந்த ஒயில் தன் பாரத்தால்தான் கீழே இறங்குகிறது. குழாய் அகலமாக, சரிவாக, என்ஜினடி ஒயில் தொட்டியான சம்பில் ஒயில் மட்டத்துக்கு மேலே போய்ச் சேர வேண்டும். ரேடியேற்றருக்குக் கிணற்று நீர் வேண்டாம். கேத்தலின் அடியில் வெள்ளையாகப் படிவது என்ஜினுக்குள்ளும் படியும்.

பிறேக், கிளட்ச், ட்ரைவ் ஷாஃப்ட், ரயர் ஆகியவற்றுக்குப் பட்ஜெட்டில் முதலிலேயே பணத்தை ஒதுக்கி வையுங்கள், கடைசியில் மிச்சம் இருக்காது. என்ஜினை மாற்றினால் அதன் இலக்கம் பதிவுப் புத்தகத்திலும் மாற வேண்டும். மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்து வேலையை வண்டி பிடிபடும்வரை ஒத்திப்போடாதீர்கள்.

எல்லாம் சரியாகச் செய்தவர்களும் ஏ9 வீதியோர முறிகண்டியில் தவறுகிறார்கள். பிள்ளையார் கோயிலில் எந்த வண்டியும் நிற்காமல் போகாது. விரட்டி வந்து, நிறுத்திய மறுவிநாடியே சாவியைத் திருப்பி, கற்பூரம் கொளுத்த ஓடிவிடுகிறார்கள். டர்போ அப்போதும் தணல்போல் இருக்கும்; ஒயில் ஓட்டம் நின்றதும் பெயாரிங்கில் தங்கிய ஒயில் கருகிக் கரியாகும். கடைசி ஒரு கிலோமீற்றரை மெதுவாக ஓட்டி வந்து, நிறுத்திய பிறகு ஒரு நிமிடம் என்ஜினை ஓடவிடுங்கள். ஓட்டுபவர் ஆசனத்திலேயே இருக்கட்டும். கச்சான் வாங்க மற்றவர் போகலாம்.