யாழ்ப்பாணத்தில் சொந்தக் கிளினிக் தொடங்கும் வைத்தியர் எழுதி வைக்க வேண்டியவை

வைத்தியசாலைக் கடமை முடிந்து பின்னேரத்தில் தனியே நோயாளர்களைப் பார்க்கத் தொடங்கும் வைத்தியர் முதலில் தேடுவது ஓர் இடத்தை. அந்த இடத்தின் காணி உறுதியைக் கேட்டு வாங்கிப் பார்ப்பவர் மிகக் குறைவு. வீட்டுக்காரர் தெரிந்தவர் அல்லது தெரிந்தவருக்குத் தெரிந்தவர் என்பதால், வாய்ப்பேச்சிலேயே முற்பணம் கைமாறிப் பெயர்ப்பலகையும் ஏறிவிடுகிறது.

இங்கே இதில் ஒரு தனிச்சிக்கல் உண்டு. வாடகை பேசுபவர் கணவராக இருப்பார். வீடோ மனைவிக்குச் சீதனமாக வந்து அவர் பெயரிலேயே இருக்கும். யாழ்ப்பாணத் தமிழரின் வழக்குச் சட்டமான தேசவழமைக்கு உட்பட்ட மணமான பெண் தன் அசையாச் சொத்தைக் கையாளக் கணவரின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும் என்பது, யாழ்ப்பாணத் திருமண உரிமைகள், வழியுரிமை தொடர்பான 1911 ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டத்தின் ஏற்பாடு. எனவே குத்தகை உடன்படிக்கையில் இருவரிடமும் கையெழுத்து வாங்குங்கள். ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகை நொத்தாரிசு முன்னிலையில் எழுதப்பட வேண்டும் என்பது 1840 ஆம் ஆண்டு முதல் உள்ள விதி. ஐந்து வருடத்துக்கு வீடு நமக்குத்தான் என்று வாய்ச்சொல்லை நம்பித் தடுப்புச் சுவர் கட்டி, ஏசி பூட்டிய ஒருவர், கனடாவிலிருந்து வீட்டுக்காரரின் மகள் வந்து இறங்கிய மாதமே வெளியேற நேர்ந்தால், அவர் கையில் காட்டுவதற்கு ஒரு துண்டுக் காகிதமும் இராது.

இலங்கை மருத்துவ சபையில் உங்களுக்குள்ள பதிவு கிளினிக்குக்கான பதிவு ஆகாது. கிளினிக்கை 2006 ஆம் ஆண்டின் 21 ஆம் இலக்கத் தனியார் மருத்துவ நிறுவனங்கள் சட்டத்தின் கீழ் தனியே பதிவுசெய்து, ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். நம்பர் கொடுக்கவும் மருந்து கட்டவும் ஒரே ஒரு பிள்ளையை வைத்திருந்தாலும் ஊழியர் சேமலாப நிதிக்கு உங்கள் பங்காக 12 வீதமும் அவர் பங்காக 8 வீதமும், ஊழியர் நம்பிக்கை நிதிக்கு 3 வீதமும் செலுத்தியாக வேண்டும். 'சொந்தக்காரப் பிள்ளைதானே' என்பது தொழில் திணைக்களத்தில் எடுபடாது.

வரி விடயத்தில் பலர் தவறவிடுவது, நீங்கள் சனல் முறையில் முன்பதிவு செய்த நோயாளர்களைப் பார்க்கும் தனியார் மருத்துவமனைகளின் கணக்கை. மாதம் 100,000 ரூபாவைத் தாண்டும் சேவைக் கட்டணத்தில் 5 வீதத்தைக் கழித்துக்கொண்டே அவை பணம் தரும். கழித்ததற்கான சான்றிதழைக் கேட்டு வாங்கிக் கோப்பில் வைத்தால்தான் அதை உங்கள் மொத்த வரியில் ஈடுசெய்ய முடியும். கழித்தாகிவிட்டது என்பதற்காக ஆண்டு வருமான வரி விவரத்திரட்டுச் சமர்ப்பிக்கும் கடமை நீங்கிவிடாது. மதிப்பாண்டு ஏப்ரல் 1 இல் தொடங்கி மார்ச் 31 இல் முடியும். விவரத்திரட்டுக்கு இறுதி நாள் நவம்பர் 30. அன்றாட வரவைக் குறிக்காமல் மேசை லாச்சியில் காசைப் போட்டு எடுப்பவர், நவம்பரில் கணக்காளரிடம் ஊகத்தைத்தான் கொடுக்க முடியும்.

எல்லாவற்றிலும் எனக்குக் கவலை தருவது நோயாளியின் கொப்பி. நாம் அதில் எழுதுகிறோம், அவர் அதை வீட்டுக்குக் கொண்டுபோகிறார், நம்மிடம் எதுவும் மிஞ்சுவதில்லை. 'காய்ச்சல், பனடோல்' என்ற குறிப்பு எவரையும் காப்பாற்றாது. 'காய்ச்சல் மூன்றாம் நாள், வயிற்றுநோ இல்லை, பிளேற்லெற் 160,000, நாளை காலை மீண்டும் இரத்தப் பரிசோதனை, வாந்தி, மயக்கம் என்றால் உடனே பெரியாஸ்பத்திரிக்குப் போகும்படி தாயிடம் சொல்லப்பட்டது' என்பது இரண்டு நிமிட வேலை. டெங்குக் காலத்தில் வாசலில் நாற்பது பேர் காத்திருக்கையில் அந்த இரண்டு நிமிடம் பெரிது என்பதை அறிவேன். ஆயினும் குறைந்தது உங்களுக்கென ஒரு பிரதியாவது இருக்கட்டும். சம்மதப் படிவத்தைத் தமிழிலேயே எழுதுங்கள். அமெரிக்க மிஷனரி வைத்தியர் சாமுவேல் கிறீன் மானிப்பாயில் 19 ஆம் நூற்றாண்டிலேயே தமிழில் மருத்துவம் கற்பித்தார். ஒரு படிவத்தைத் தமிழில் எழுத நமக்கு இன்னும் தயக்கம்.

ஒரு சிறுமியின் மரணம் தொடர்பாக 2001 இல் தீர்க்கப்பட்ட வழக்கில், வைத்தியரிடம் கவனக்குறைவு இருந்ததை ஏற்றுக்கொண்ட உயர் நீதிமன்றம், அதுவே மரணத்துக்குக் காரணம் என நிறுவப்படவில்லை என்று கூறி நட்டஈட்டுக் கோரிக்கையை நிராகரித்தது. எப்போது எதைக் கண்டீர்கள், என்ன செய்தீர்கள் என்ற குறிப்பு இத்தகைய விசாரணையில் எவ்வளவு பெறுமதியானது என்பதை இதிலிருந்து ஊகிக்கலாம். நட்டஈட்டு வழக்கைப் பொதுவாக இரண்டு ஆண்டுகளுக்குள் தொடுக்க வேண்டும்; ஆனால் பாதிக்கப்பட்டவர் பராயமடையாதவர், அதாவது 18 வயதுக்கு உட்பட்டவர் என்றால் அவர் பராயமடைந்த பின்னரே அந்தக் காலம் ஓடத் தொடங்கும். குழந்தைகளின் பதிவுகளை ஆகையால் தனி அலுமாரியில், கறையான் எட்டாத தட்டில் வையுங்கள்.